அசல் பிரஸ்ஸிங்கை எப்படிக் கண்டுபிடிப்பது? லைவ் ராக் எல்பிகள்: கேள்வி பதில்

ராக் குழுக்கள் மேடையில் வாசித்ததைப் பதிவு செய்த எல்பிகளை, அதிலும் முதன்முதலில் அச்சாகி வெளிவந்த தட்டுகளை (அசல் பிரஸ்ஸிங்), இருபது வருடங்களுக்கு மேலாகச் சேர்த்து வருகிறேன். கேட்டவர்களுக்கெல்லாம் தெரிந்ததைச் சொல்கிறேன்.

சார், அட்டையில் 1969 என்று போட்டிருந்தால் அது முதல் பதிப்புதானே?

இல்லை. ஒரே அட்டை பத்துப் பதினைந்து வருடம்கூட மாறாமல் வந்திருக்கும், உள்ளே இருக்கும் தட்டு மட்டும் பிந்தையதாக இருக்கும். முதலில் லேபிளைப் பாருங்கள், அதாவது தட்டின் நடுவில் ஒட்டியிருக்கும் வட்டத் தாளை. அப்புறம் தட்டை வெளிச்சத்தில் சாய்த்து, கடைசிப் பாட்டுக்கும் லேபிளுக்கும் நடுவில் உள்ள வழுவழுப்பான வளையத்தைப் பாருங்கள். டெட்வாக்ஸ் என்பது அதுதான். உண்மையான பிறப்புச் சான்றிதழ் அங்கேதான் இருக்கிறது.

பிங்க் ஃப்ளாய்டின் உம்மகும்மாவை எடுத்துக்கொள்வோம். 1969-இல் வந்த இரட்டை எல்பி; முதல் தட்டு மட்டும் லைவ். ஹார்வெஸ்ட் என்பது இஎம்ஐ இசைத்தட்டு நிறுவனத்தின் ஒரு பிரிவு; பிரிட்டனின் ஆரம்பப் பிரதிகளில் அதன் லேபிளில் இஎம்ஐ பெட்டிச் சின்னம் இருக்காது. டெட்வாக்ஸில் பொறித்திருக்கும் அடையாள எண்ணான மேட்ரிக்ஸ் எண்ணின் கடைசியில் வரும் 1, 2 எத்தனையாவது லேக்கர் வெட்டு (பாட்டைப் பள்ளமாக வெட்டிய மூலத் தட்டு) என்பதைச் சொல்லும். அந்த எண்ணை நேராக வைத்துப் பார்த்தால் இடப்பக்கம் மதர் எண், வலப்பக்கம் ஸ்டாம்பர் எழுத்து. மதர் என்பது மூலத்திலிருந்து வழிவந்த உலோக நகல், ஸ்டாம்பர் என்பது அதிலிருந்து எடுத்து எல்பியை அச்சடிக்கும் உலோக அச்சு. இஎம்ஐ தன் ஸ்டாம்பர்களை 'கிராமஃப் எல்டிடி' (GRAMOPH LTD) என்ற பத்து ஆங்கில எழுத்துகளால் எண்ணியது: ஜி (G) என்றால் 1, ஆர் (R) என்றால் 2, கடைசி டி (D) என்றால் 0. வலப்பக்கம் தனி 'ஜி' தெரிந்தால் அது முதல் ஸ்டாம்பர். அதை முதன்முதலாக என் கண்ணால் பார்த்த அன்று தட்டை அட்டைக்குள் போட மனசே வரவில்லை.

அண்ணா, தி ஹூவின் லைவ் அட் லீட்ஸ் வாங்க ஆசை. எதைக் கவனிக்க வேண்டும்?

நல்ல ஆசை. 1970 பிப்ரவரி 14 அன்று லீட்ஸ் பல்கலைக்கழக உணவுக்கூடத்தில் பதிவானது. அந்த வருடமே பிரிட்டனில் டிராக் லேபிளில் வெளிவந்தது, எண் 2406 001. அப்போது திருட்டுத்தனமாக விற்ற லைவ் தட்டுகளைப் போலவே வெறும் பழுப்பு அட்டை, மேலே ரப்பர் ஸ்டாம்பு குத்தியதுபோல் பெயர். அந்த முத்திரை கறுப்பு, நீலம், சிவப்பு என்று வேறுபடும். கறுப்புதான் அபூர்வம்.

ஆனால் முத்திரை நிறத்தைவிட உள்ளே இருக்கும் தாள்களை முதலில் எண்ணுங்கள். மொத்தம் 12: மார்க்கீ கிளப் போஸ்டர், வுட்ஸ்டாக் ஒப்பந்தத்தின் நகல், இஎம்ஐ அனுப்பிய நிராகரிப்புக் கடிதம் என்று ஒரு குழுவின் வரலாறே அந்த உறையில் இருக்கிறது. நான் முதலில் வாங்கிய பிரதியில் மூன்று தாள்கள் புது ஜெராக்ஸ். விற்றவர் 'எல்லாம் அசல்' என்று எழுதியிருந்தார், நானும் தாளைத் தடவிப் பார்க்காமல் வாங்கிவிட்டேன். காசு போனதைவிட அந்த ஏமாற்றம்தான் ரொம்ப நாள் உறுத்தியது. நீங்கள் ஒவ்வொரு தாளுக்கும் தனிப் புகைப்படம் கேட்டு வாங்குங்கள், முன்பக்கம் பின்பக்கம் இரண்டும்.

அதே லீட்ஸ் தட்டில் கரகரவென்று சத்தம் வருகிறது. தேய்ந்த பிரதியா?

லேபிளைப் படியுங்கள். கரகரப்பு இருக்கட்டும், சரிசெய்ய வேண்டாம் என்று கையெழுத்திலேயே போட்டிருக்கும். அது ஒலிப்பதிவிலேயே விழுந்த சத்தம். பிந்தைய சிடியில் அதை டிஜிட்டல் முறையில் துடைத்துவிட்டார்கள். எனக்கு அந்தச் சத்தத்தோடு கேட்டால்தான் அந்தக் கூடத்தில் நிற்கிற மாதிரி இருக்கிறது. ஆனால் கரகரப்பு ஒரே தாளத்தில், தட்டு ஒவ்வொரு முறை சுற்றும்போதும் வந்தால் அது கீறல்தான்.

டீப் பர்ப்பிளின் மேட் இன் ஜப்பான் ஜப்பானில்தானே பதிவானது? அப்படியானால் ஜப்பான் தட்டுதானே அசல்?

அசல் என்பது எங்கே வாசித்தார்கள் என்பதை வைத்து வருவதில்லை. 1972 ஆகஸ்ட் 15, 16 ஒசாகாவிலும் 17 டோக்கியோவின் புடோகான் அரங்கிலும் மார்ட்டின் பிர்ச் பதிவு செய்தார். ஜப்பானுக்கு மட்டும் என்று தொடங்கிய திட்டம் அது. அங்கே 'லைவ் இன் ஜப்பான்' என்று வேறு அட்டையோடு வந்தது. பிரிட்டனில் அதே வருடம் டிசம்பரில் பர்ப்பிள் லேபிளில் டிபிஎஸ்பி 351. இரண்டுக்கும் அவரவர் நியாயம் உண்டு, நான் பிரிட்டன் பக்கம். குழு பிரிட்டனைச் சேர்ந்தது, முதன்மை நாடாக்கள் இருந்த இடமும் அதுதான்.

சீப் ட்ரிக்கின் புடோகான் எல்பி இதற்கு நேர் எதிர். ஜப்பானில் 1978 அக்டோபரில் வந்தது, இறக்குமதிப் பிரதிகளுக்கு அமெரிக்காவில் வரவேற்பு கூடவே 1979 பிப்ரவரியில் அங்கேயும் போட்டார்கள். இந்த எல்பிக்கு ஜப்பான் தட்டுதான் முதல். ஓபி என்ற காகிதப் பட்டை கிழியாமல் இருந்தால் விலை ஏறும்.

எம்சி5 எல்பி இரண்டு விதமாகப் பார்த்தேன். எது முதல்?

மடித்துத் திறக்கும் அட்டைக்குள் கெட்ட வார்த்தையோடு குழுவின் மேலாளர் ஜான் சின்க்ளேரின் குறிப்பு இருப்பதுதான் முதல். 1969-இல் எலெக்ட்ரா வெளியிட்டதும் ஒரு பெரிய கடை விற்க மறுத்தது. பிறகு குறிப்பை எடுத்துவிட்டு, பாட்டிலும் அந்த வார்த்தையை மாற்றினார்கள்.

அப்பாவிடம் ஃப்ராம்டன் கம்ஸ் அலைவ் 1976 பிரதி இருக்கிறது. நல்ல விலை போகுமா?

போகாது. அமெரிக்காவில் மட்டும் 80 லட்சத்துக்கு மேல் விற்றது, எங்கும் கிடைக்கும். அப்பாவின் தட்டு, விற்காதீர்கள்.

சென்னை ஈரத்தில் தட்டில் வெள்ளைப் பூஞ்சை படிகிறது. என்ன செய்வது?

அட்டையின் மேல் போட்டிருக்கும் பிவிசி உறையை முதலில் தூக்கி எறியுங்கள். அதன் வேதிப்பொருள் தட்டின் மேல் மங்கலாகப் படியும், பிறகு போகாது. பாலிஎத்திலீன் உள்ளுறைக்கு மாறுங்கள். காய்ச்சி வடித்த தண்ணீரில் கொஞ்சம் ஐசோப்ரொபைல் ஆல்கஹால் கலந்து, மைக்ரோஃபைபர் துணியால் பள்ளம் ஓடும் திசையிலேயே துடையுங்கள். 78 ஆர்பிஎம் அரக்குத் தட்டில் மட்டும் ஆல்கஹால் கூடவே கூடாது, கரைந்துவிடும். நிறுத்தி வையுங்கள், படுக்க வைக்காதீர்கள். வெளிப்புறச் சுவரை ஒட்டிய அலமாரி வேண்டாம்.

விஜி பிளஸ் என்று விற்கிறார்கள். நம்பலாமா?

விஜி என்றால் 'வெரி குட்', தட்டின் நிலையைச் சொல்லும் தரக்குறி. அமெரிக்கக் கணக்கில் விஜி பிளஸ் என்பது புதுசு மாதிரியான பிரதியின் பாதி விலை, வெறும் விஜி கால் பங்கு. லைவ் எல்பியில் கைதட்டலும் கூச்சலும் சின்னக் கீறல்களை மறைத்துவிடும், அதனால் பாட்டுக்குப் பாட்டு நடுவில் வரும் அமைதியான இடங்களைப் பதிவு செய்து அனுப்பச் சொல்லுங்கள். அனுப்பும்போது தட்டை அட்டைக்கு வெளியே தனியாக வைத்துக் கட்டச் சொல்லவும் மறக்காதீர்கள். உள்ளேயே இருந்தால் வழியில் அட்டையின் ஓரம் பிளந்துவிடும்.

வுட்ஸ்டாக் மூன்று தட்டுத் தொகுப்பில் முதல் பக்கத்தின் பின்னால் ஆறாம் பக்கம் இருக்கிறது. தவறாக அச்சானதா? திருப்பி அனுப்பட்டுமா?

அனுப்பாதீர்கள்! 1970 அமெரிக்கப் பிரதி அப்படித்தான். தட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் தானே இறக்கி வாசிக்கும் சேஞ்சர் இயந்திரங்களுக்காக 1–6, 2–5, 3–4 என்று இணைத்தார்கள். ஒன்று, இரண்டு, மூன்று என்று வரிசையாக ஓடி முடிந்ததும் மொத்த அடுக்கையும் அப்படியே திருப்பிப் போட்டால் நான்கு, ஐந்து, ஆறு வரும்.