முற்பணம் கட்டுவதற்கு முன்

வெள்ளவத்தையிலிருந்து ஒரு தாயும் தகப்பனும் மகனின் மேற்படிப்புக்கு ஆலோசனை கேட்டு, அவனோடு என்னைப் பார்க்க வந்திருந்தார்கள். பையன் உயிரியல் பிரிவில் இரண்டாவது தரமும் ஏ.எல். எழுதி ஒரு பி, இரண்டு சி எடுத்திருக்கிறான். கொழும்பு மாவட்டத்தில் இந்தப் பெறுபேற்றுக்கு மருத்துவ பீடம் கிடைக்காது என்பது அவர்களுக்கே தெரியும். வெளிநாட்டு மருத்துவக் கல்லூரி ஒன்றுக்கு ஆள் சேர்க்கிற முகவர் எழுதிக் கொடுத்த தாளைத் தாய் மேசையில் விரித்தார். ஆறு வருடத்துக்கும் சேர்த்து ஒன்றரைக் கோடி ரூபாய் என்று போட்டிருந்தது. ஃப்ளாட்டை ஈடு வைத்தால் சமாளிக்கலாம், லண்டனில் இருக்கிற மாமாவும் கொஞ்சம் தருவார் என்றார். தகப்பன் தலையை ஆட்டினார். பையன் வாய் திறக்கவில்லை.

முதலில் நானும் ஆறுதல்தான் சொன்னேன். இரண்டு சி எடுத்தது தோல்வி இல்லை, பத்தொன்பது வயதில் எந்தக் கதவும் மூடிவிடாது என்று சொல்லிக்கொண்டிருக்கும்போதே, முற்பணம் கட்ட வேண்டிய கடைசித் தேதி அந்தத் தாளின் அடியில் கண்ணில் பட்டது. அதற்குப் பிறகு எனக்கு ஆறுதல் சொல்ல மனம் வரவில்லை. அன்று அவர்களிடம் சொன்னதையும், நேரம் போதாமல் விட்டதையும் சேர்த்து எழுதுகிறேன். இதே மாதிரித் தாளோடு இன்னும் எத்தனையோ வீடுகளில் இரவு தூக்கமில்லாமல் யோசித்துக்கொண்டிருக்கிறார்கள்.

அம்மா, அந்த ஒன்றரைக் கோடி இன்றைய டொலர் விலைக்குப் போட்ட கணக்கு. 2022 மார்ச் தொடக்கத்தில் ஒரு டொலர் 200 ரூபாய்ச் சொச்சம். மே மாதத்தில் அது 360ஐத் தாண்டியது. அந்த வருடம் வெளிநாட்டில் பிள்ளையைப் படிக்க விட்டிருந்த பெற்றோர், அதே தவணைக் கட்டணத்துக்கு ஏறக்குறைய இரண்டு மடங்கு ரூபாய் தேட வேண்டி வந்தது. நடுவில் நிறுத்தவும் முடியாது, தொடரவும் முடியாது. ஆறு வருடப் படிப்புக்கு ஈடு வைக்கும்போது, அந்த ஆறு வருடமும் ரூபாய் அசையாது என்று நம்பித்தான் வைக்கிறீர்கள். இருக்கிற ஒரே வீட்டை வைத்து அப்படி நம்பச் சொல்லி நான் யாருக்கும் சொல்ல மாட்டேன்.

படித்து முடித்து வந்தாலும் உடனே டொக்டர் இல்லை. அந்தக் கல்லூரியை இலங்கை மருத்துவ சபை அங்கீகரித்திருக்க வேண்டும். பிறகு வெளிநாட்டில் படித்து வருகிறவர்களைப் பதிவு செய்ய அந்தச் சபை வைக்கிற ஈ.ஆர்.பி.எம். பரீட்சையில் சித்தியடைய வேண்டும். அதன் பின் உள்ளகப் பயிற்சிக்குக் காத்திருக்க வேண்டும். முகவரின் தாளில் இதில் ஒரு வரிகூட இல்லை. ஆறு வருடம் எளிதாக எட்டு வருடமாகும். அதுவரை ஈட்டுக்கு வட்டி கட்டப்போவது யார்? சீனி வருத்தமும் பிரஷரும் உள்ள ஐம்பத்தாறு வயதுத் தகப்பன். அவருடைய உடம்பும் இந்தச் செலவில் அடங்கும். அதை யாரும் கணக்கில் எழுதவில்லை.

யாழ்ப்பாணத்துச் சித்தப்பா போனில் சொன்னாராம், முல்லைத்தீவில் இருந்து எழுதியிருந்தால் இதே மார்க்ஸுக்கு இடம் கிடைத்திருக்கும் என்று. பல்கலைக்கழக அனுமதியில் 40 வீதம் அகில இலங்கைத் திறமைக்கு, 55 வீதம் மாவட்ட அடிப்படைக்கு, 5 வீதம் கல்வியில் பின்தங்கிய மாவட்டங்களுக்கு என்று பிரித்திருக்கிறார்கள். தமிழ் மாணவர்களிடம் கூடுதல் புள்ளி கேட்ட எழுபதுகளின் தரப்படுத்தல் நம் வீடுகளில் விட்டுப்போன காயம் எனக்குத் தெரியும். ஆனால் ஆய்வுகூடம் இல்லாத, வேதியியல் ஆசிரியர் இல்லாத பாடசாலையிலிருந்து வரும் பிள்ளைக்குத் தனி இடம் ஒதுக்குவதை நான் பிழை என்று சொல்ல மாட்டேன். உங்கள் மகனுக்கு வெள்ளவத்தையில் பாடத்துக்கு இரண்டு டியூஷன் இருந்தது. சித்தப்பாவின் வாதத்தை வைத்துக்கொண்டு மூன்றாவது தரமும் எழுத வைப்பது அவனை இன்னும் ஒரு வருடம் கதிரையோடு கட்டி வைப்பதாகும். அதற்கும் நான் உடன்பட மாட்டேன். இரண்டு வருடமாக நள்ளிரவு தாண்டிப் படித்து, ரோல்ஸும் பிளேன்டீயுமாக நாளை ஓட்டி, இப்போதே அவனுக்கு வயிற்றெரிவு. எந்தப் படிப்பும் அதற்கு ஈடாகாது.

தாயையும் தகப்பனையும் வெளியே இருக்கச் சொல்லிவிட்டுத் தம்பியோடு தனியாகப் பேசினேன். முதல் ஐந்து நிமிடம் ஒற்றைச் சொல்லில் பதில். அப்பாவின் வருத்தத்தைப் பற்றிக் கேட்டதும் பையன் மாறிவிட்டான். அப்பாவைத் தினமும் பின்னேரம் மரைன் டிரைவில் தெஹிவளைப் பக்கம் நடக்கக் கூட்டிப் போவது அவன்தான். வீட்டில் சோற்றை அளந்து வைப்பதும் அவன்தான். சோடாப் போத்தலில் இருக்கிற சிவப்பு வட்டம் என்றால் 100 மில்லிலீற்றரில் 11 கிராமுக்கு மேல் சீனி என்று எனக்கே விளக்கினான். 2016இல் வந்த அந்த நிறக் குறியீட்டைப் பார்த்து வாங்குகிறவர்களே இல்லை என்று குறைப்பட்டான். பிறகு ஒரு கேள்வி கேட்டான். இனிப்புப் பானங்களுக்கு 2017 இறுதியில் சீனியின் கிராம் கணக்கில் வரி போட்டார்கள், அடுத்த வருடமே ஏன் குறைத்தார்கள்? யார் கேட்டுக் குறைத்தார்கள்?

தாய் என்னிடம் முறைப்பாடாகச் சொன்னதும் இதைத்தான். "எந்த நேரமும் அரசியல், சேர். 2022இல் அரசுக்கு எதிராகப் போராட்டம் நடந்த நேரம் காலிமுகத்திடலுக்குப் போகவேணும் என்று நின்றவன். எங்களுக்குப் பயமாக இருக்கு." இந்த ஊரில் தமிழ்ப் பிள்ளை அரசியல் பேசினால் ஒரு தாய் ஏன் பயப்படுகிறாள் என்று யாரும் எனக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. ஆனால் அம்மா, கட்சி மேடை வேறு, பொதுக் காரியம் வேறு. ஒரு நாட்டில் சீனிக்கு வரி இருக்கிறதா, பாடசாலை கன்டீனில் என்ன விற்கிறார்கள், சேரித் தோட்டத்தில் கான் அடைத்தால் யார் வந்து பார்க்கிறார்கள் என்று கேட்பது உங்கள் மகனின் குறை இல்லை. அவனிடம் இருக்கிற பலமே அதுதான். நாங்கள் அவனுக்குத் தேட வேண்டியது அந்தக் கேள்வியோடு காலை வேலைக்குப் போகக்கூடிய ஒரு தொழிலை.

அப்படி ஒன்று இருக்கிறது. பொதுச் சுகாதாரப் பரிசோதகர், எல்லோரும் பி.எச்.ஐ. என்று சொல்கிற உத்தியோகம். இந்தப் பெயரைச் சொன்னதும் தாயின் முகம் விழுந்ததைப் பார்த்தேன். "கடைக்குக் கடை போய் எட்டிப் பார்க்கிற ஆள்தானே?" என்று கேட்டார். ஆமாம், கடைக்கும் போவார். அந்த வேலை என்னவென்று கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

ஆஸ்பத்திரியில் ஒரு பிள்ளைக்கு டெங்கு என்று சந்தேகம் வந்தவுடன் எச். 544 என்ற அறிவித்தல் படிவம் அந்தப் பகுதி சுகாதார வைத்திய அதிகாரியின் பணிமனைக்குப் போகிறது. அங்கிருந்து பி.எச்.ஐ.யின் கைக்கு வரும். அவர் அந்த வீட்டுக்குப் போகிறார். எப்போது காய்ச்சல் தொடங்கியது, பிள்ளை எங்கே டியூஷன் போகிறது, பக்கத்து வீட்டில் யாருக்கும் காய்ச்சலா என்று விசாரிக்கிறார். பிறகு வீட்டைச் சுற்றுகிறார். பீலியில் இலை அடைத்துத் தண்ணீர் நிற்கிறதா, பூச்சாடித் தட்டில் நிற்கிறதா என்று பார்க்கிறார். நாலாம் மாடி ஃப்ளாட்டில் நுளம்பு எங்கிருந்து வந்தது என்று வீட்டுக்காரர் திகைத்து நிற்கும்போது, குளிர்சாதனப் பெட்டியின் பின்பக்கம் தண்ணீர் சேரும் தட்டை இழுத்துக் காட்டுகிறார். அதில் புழு நெளியும். எச். 411 படிவத்தில் விசாரணையை எழுதுகிறார். அப்படிப் பல வீடுகளின் கணக்கு சேர்ந்துதான் வாராந்த அறிக்கையாகிக் கொழும்பில் நோய் எங்கே ஏறுகிறது என்று நாட்டுக்குத் தெரிகிறது. பக்கத்தில் கட்டிக்கொண்டிருக்கிற மாடிக் கட்டடத்தில் தண்ணீர் தேங்கியிருந்தால், 2007ஆம் ஆண்டின் நுளம்புப் பெருக்கத் தடைச் சட்டத்தின் கீழ் வழக்குப் போடுகிற அதிகாரமும் அவருக்கு உண்டு.

1980ஆம் ஆண்டின் 26ஆம் இலக்க உணவுச் சட்டம் கையில் இருப்பதால்தான் ஓட்டல் சமையலறைக்குள் அவர் போக முடிகிறது. மீன் வெட்டிய பலகையில் சலாது வெட்டுகிறார்களா, சமையல்காரரின் விரலில் கட்டியிருக்கிற துணிக்குள் என்ன புண், கறி குளிர்பெட்டியில் எத்தனை நாளாக இருக்கிறது என்று பார்க்கிறார். சந்தேகம் வந்தால் மாதிரி எடுத்து முத்திரை வைத்துப் பகுப்பாய்வாளருக்கு அனுப்புகிறார். பாடசாலைக்குப் போய்க் குடிதண்ணீரையும் மலசலகூடத்தையும் பார்ப்பதும் அவர் வேலை. இருபத்தொரு வயதாகாத பிள்ளைகளுக்குச் சிகரெட் விற்கிற பெட்டிக்கடையைப் பிடிப்பதும் அவர் வேலை. உங்கள் மகன் சாப்பாட்டு மேசையில் கேட்கிற கேள்விகளை இவர் சட்டப் புத்தகத்தோடு போய்க் கேட்கிறார்.

கொட்டாஞ்சேனையிலும் மட்டக்குளியிலும் தமிழ் மட்டும் பேசுகிற எத்தனையோ குடும்பங்கள் இருக்கின்றன. காய்ச்சல் வந்த பிள்ளையின் அம்மம்மாவிடம் அவளுடைய பாஷையில் உட்கார்ந்து பேசக்கூடிய பரிசோதகர் வந்தால், அவள் மறைக்க நினைத்ததையும் சொல்வாள். மொழிச் சமத்துவம் பற்றிப் பாராளுமன்றத்தில் பேசட்டும், அது வேண்டும். அந்த வீட்டு வாசலிலும் அது வேண்டும்.

பெரிய ஆளாக வேண்டாமா என்று தகப்பன் கேட்டார். நியாயமான கேள்வி. 1934-35இல் மலேரியா இந்த நாட்டில் ஏறக்குறைய 80,000 பேரைக் கொண்டுபோனது. 1963இல் வெறும் 17 பேருக்குத்தான் கண்டது. ஒழிந்துவிட்டது என்று கவனத்தைத் தளர்த்தினார்கள். அந்தப் பத்தாண்டு முடியுமுன் அது லட்சக்கணக்கில் திரும்பி வந்தது. பிறகு போர் நடந்த காலத்திலும் விடாமல் வீடு வீடாகப் போய் இரத்தம் எடுத்து, மருந்தடித்து, 2012க்குப் பிறகு வருடக்கணக்காக உள்ளூரில் ஒருவருக்கும் தொற்றாத நிலைக்குக் கொண்டுவந்தார்கள். 2016இல் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா இல்லாத நாடு என்று அறிவித்தது. இதைச் செய்ததில் பெரும் பங்கு வெயிலில் நடந்த கள உத்தியோகத்தர்களுடையது. அவர்களுடைய பெயர் எந்தக் கல்யாண வீட்டிலும் அடிபடுவதில்லை. ஆனால் அதைவிடப் பெரிய காரியம் ஒன்றை இந்த நாட்டில் யார் செய்திருக்கிறார்கள் என்று எனக்குத் தெரியவில்லை.

பயிற்சி அரசாங்கத்தினுடையது. 1926இல் நாட்டின் முதலாவது சுகாதார அலகு தொடங்கிய களுத்துறையில் இருக்கிற தேசிய சுகாதார விஞ்ஞான நிறுவகம் அதற்குத் தலைமை இடம். கட்டணம் இல்லை, பயிற்சிக் காலத்தில் கொடுப்பனவும் கிடைக்கும். வேலையில் சேர்ந்தபின் மேற்பார்வைப் பரிசோதகர், உணவு மருந்துப் பரிசோதகர் என்று மேலே போக வழி உண்டு.

குறைகளையும் சொல்லிவிடுகிறேன். சம்பளம் டொக்டரின் சம்பளம் இல்லை. ஆட்சேர்ப்பு ஒவ்வொரு வருடமும் நடப்பதில்லை, வர்த்தமானியைப் பார்த்துக் காத்திருக்க வேண்டும். எங்கே போட்டாலும் போக வேண்டும். கடையை மூடச் சொன்னால் கடைக்காரர் பெரிய இடத்துக்குப் போன் போடுவார், அதற்கு முதுகெலும்பு வேண்டும். நுவரெலியாத் தோட்டத்துக்குப் போட்டால் போவாயா என்று தம்பியிடமே கேட்டேன். அங்கேதான் ஆள் தேவை என்று சொன்னான். அவன் யோசித்துச் சொன்னானா, உற்சாகத்தில் சொன்னானா என்று போகப் போகத் தெரியும். ஆனால் அவனாகச் சொன்னது.

காத்திருக்கிற காலத்தை வீணாக்க வேண்டாம். அவனுக்குச் சிங்களம் பேச வரும், எழுத வராது. கொழும்பில் அறிக்கையும் வழக்குத் தாளும் எழுத அது இல்லாமல் முடியாது, அதனால் இப்போதே எழுதப் பழகட்டும். இங்கிலீஷ் எழுத்தையும் திருத்தட்டும். வர்த்தமானி வந்ததும் கல்வித் தகைமை, வயது, உடல் தகுதி எல்லாவற்றையும் அவனே வரி வரியாக வாசிக்கட்டும், மாமா வாசித்துச் சொல்ல வேண்டாம். பல்கலைக்கழக அனுமதிக்குக் கணக்கெடுக்கிற இசட் புள்ளி அவனுக்கு இருக்கிறது, அதற்கு வேறு எந்தக் கற்கைநெறி கிடைத்தாலும் விண்ணப்பத்தை விட வேண்டாம், இரண்டும் ஒரே நேரத்தில் ஓடலாம்.

லண்டன் மாமாவைப் பற்றி ஒரு வார்த்தை. நாடு சரியில்லை, ஆளைக் கிளப்பிவிடுங்கள் என்கிறார். 2022ஐப் பார்த்த யாரும் அவரைக் குறை சொல்ல முடியாது. 2024இல் ஆட்சி மாறிய பிறகும் எங்கள் எல்லோருக்கும் சந்தேகமும் எதிர்பார்ப்பும் கலந்துதான் இருக்கிறது. ஆனால் அவர் தருவதாகச் சொல்வது கொஞ்சம், ஈடு போவது உங்கள் வீடு. ஈட்டுப் பத்திரத்தில் கையெழுத்து வைக்காதவர் பையனின் தொழிலைத் தீர்மானிக்க நான் விட மாட்டேன். நீங்களும் விட வேண்டாம். அவருக்கு உதவ மனமிருந்தால், அவனுடைய சிங்கள வகுப்புக்கும் இங்கிலீஷ் வகுப்புக்கும் காசு அனுப்பட்டும்.

உங்கள் பகுதி சுகாதாரப் பணிமனைக்குத் தகப்பனும் மகனும் போய், பரிசோதகர் ஒருவரிடம் வேலையைப் பற்றிப் பேச அரை மணித்தியாலம் கேளுங்கள். காலையில் போங்கள், பத்து மணிக்குப் பிறகு அவர்கள் வெளியே போய்விடுவார்கள். பேசி முடித்தபின் பையன் வேண்டாம் என்று சொன்னால் திரும்ப என்னிடம் வாருங்கள், வேறு வழி பார்ப்போம். எப்படியானாலும் அந்த முற்பணத்தைக் கட்டாதீர்கள்.