குறைந்த செலவில் கார் மெருகூட்டும் தொழில்: பொறுப்பு உரிமையாளருக்கா, கடைக்காரருக்கா?

கேள்வி: கோவையில் கார் ஆக்சஸரீஸ் கடை ஒன்றில் பல ஆண்டுகளாக ஃபிட்டராக வேலை பார்க்கிறேன். பழைய ஸ்விஃப்ட், வேகன் ஆர் போன்ற கார்களை வாங்குபவர்களும், புதிய காரில் விலை குறைந்த மாடலை எடுப்பவர்களும் 30,000 ரூபாய்க்குள் வண்டியை மாற்றித் தரச் சொல்லிக் கேட்கிறார்கள். வங்கிக் கடன் வாங்கிச் சொந்தக் கடை தொடங்க நினைக்கிறேன். எந்த வேலைகள் சட்டப்படி தவறு? வண்டி பிடிபட்டால் பொறுப்பு யாருக்கு? "என் சொந்தப் பொறுப்பில் செய்துகொள்கிறேன்" என்று வாடிக்கையாளரிடம் எழுதி வாங்கிவிட்டால் எனக்குப் பாதுகாப்பு உண்டா?

பதில்: தொழில் வாய்ப்பைப் பற்றிய உங்கள் கணிப்பு சரியானதே. ஒரே காரின் ஆரம்ப மாடலுக்கும் உயர்ந்த மாடலுக்கும் இடையிலான விலை வித்தியாசம் பல கார்களில் ஒரு லட்சம் ரூபாயைத் தாண்டுகிறது. அந்த வித்தியாசத்தைக் கொடுக்க முடியாத குடும்பங்கள் ஸ்டீரியோ, ரிவர்ஸ் கேமரா, சீட் கவர் ஆகியவற்றை வெளியில் பொருத்திக்கொள்வதால்தான் சென்னை ஜெனரல் பேட்டர்ஸ் சாலையும் டெல்லி கரோல் பாக்கும் இன்றளவும் இந்த வியாபாரத்தில் உயிர்ப்போடு இருக்கின்றன. 2025 செப்டம்பர் 22 முதல் வாகன உதிரிபாகங்கள் அனைத்துக்கும் ஜி.எஸ்.டி. 18 சதவீதம் என்று ஒரே சீராக ஆக்கப்பட்டிருப்பதும் உங்களுக்குச் சாதகமே. ஆனால், வாடிக்கையாளர் கேட்பதையெல்லாம் செய்து கொடுப்பது என்ற முடிவோடு கடையைத் திறந்தால், கடன் தவணை முடியும் முன்பே வழக்குகளைச் சந்திக்க நேரிடும்.

மோட்டார் வாகனச் சட்டம், 1988-இன் 52-ஆம் பிரிவுதான் அடிப்படை. தயாரிப்பாளர் முதலில் குறிப்பிட்ட விவரங்களிலிருந்து ஆர்.சி.யில் உள்ள விவரங்கள் மாறுபடும் வகையில் வண்டியை மாற்றக்கூடாது என்கிறது அப்பிரிவு. அதன் விளக்கவுரை, 'மாற்றம்' என்பதை வண்டியின் கட்டமைப்பில் செய்யப்பட்டு அதன் அடிப்படைத் தன்மையையே மாற்றிவிடும் செயல் என்று வரையறுக்கிறது. ஆகவே, சீட் கவர், தரை விரிப்பு, ஸ்டீரியோ, கேமரா, பார்க்கிங் சென்சார் போன்றவற்றுக்கு ஆர்.டி.ஓ. அனுமதி தேவையில்லை. நீங்கள் சொல்லும் 30,000 ரூபாய் வேலையில் பெரும்பகுதி இந்த வரம்புக்குள்ளேயே அடங்கிவிடும் என்பது என் கருத்து. இருக்கையின் பக்கவாட்டில் ஏர்பேக் உள்ள கார்களுக்கு அதற்கென்றே தைத்த கவரை மட்டும் போடுங்கள். சாதாரண கவர் ஏர்பேக் விரிவதைத் தடுத்துவிடக்கூடும். வயரை வெட்டி ஒட்டாமல், கப்ளர் (செருகி இணைக்கும் முனை) வழியாகவே மின் இணைப்பு கொடுங்கள். வண்டி தீப்பிடித்தால் முதலில் ஆராயப்படுவது வெளியில் செய்த வயரிங்தான்.

கூரையை வெட்டி சன்ரூஃப் வைப்பது, பாடியின் வடிவத்தை மாற்றுவது போன்ற வேலைகளை அறவே ஏற்காதீர்கள். கேரளத்திலிருந்து சென்ற ஜெயச்சந்திரா வழக்கில் 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம், தயாரிப்பாளரின் மூல விவரக்குறிப்புக்கு மாறாக வண்டியை மாற்ற முடியாது என்று தெளிவாகத் தீர்ப்பளித்திருக்கிறது. வண்டியின் நிறம் ஆர்.சி.யில் பதிவாகும் விவரம் என்பதால், வண்டி முழுவதும் வண்ண ஒட்டுத்தாள் (wrap) ஒட்டி நிறத்தை மாற்றுவதாக இருந்தால் உரிமையாளர் முன்கூட்டியே ஆர்.டி.ஓ. அனுமதி பெற்று ஆர்.சி.யில் பதிவு செய்துகொள்ள வேண்டும். டயரையும் அலாய் வீலையும் பொறுத்தவரை, அந்த மாடலுக்குத் தயாரிப்பாளர் அனுமதித்த அளவுகளைத் தாண்ட வேண்டாம்.

கண்ணாடி ஃபிலிம் விஷயத்தில் அதிகக் கவனம் தேவை. 2012 ஏப்ரலில் அவிஷேக் கோயங்கா வழக்கில் உச்ச நீதிமன்றம், எந்த ஒளி ஊடுருவல் அளவிலும் கண்ணாடிமேல் ஃபிலிம் ஒட்டக்கூடாது என்று உத்தரவிட்டது. அதன்பின், மத்திய மோட்டார் வாகன விதிகளின் 100-ஆம் விதி திருத்தப்பட்டு 2021 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. அத்திருத்தத்தின் அடிப்படையில், முன்பின் கண்ணாடிகளில் 70 சதவீதமும் பக்கக் கண்ணாடிகளில் 50 சதவீதமும் ஒளி ஊடுருவும், இந்தியத் தரநிலைக்கு உட்பட்ட ஃபிலிமுக்கு அபராதம் விதிக்க முடியாது என்று கேரள உயர் நீதிமன்றம் 2024-இல் தீர்ப்பளித்தது. அத்தீர்ப்பைத் தமிழ்நாட்டில் வாதமாக எடுத்துரைக்கலாமே தவிர, சாலையில் நிற்கும் அதிகாரி அதை அப்படியே ஏற்க வேண்டும் என்ற கட்டாயமில்லை. எனவே, தரச் சான்றிதழ் இல்லாத கருப்பு ஃபிலிமைக் கடையில் இருப்பு வைக்கவே வேண்டாம் என்பது என் உறுதியான ஆலோசனை.

வண்டியின் முன்புறம் பொருத்தும் உலோகத் தடுப்பான 'புல் பார்'களுக்கு எதிராக நடவடிக்கை எடுக்குமாறு மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் 2017 டிசம்பரிலேயே மாநிலங்களுக்கு எழுதிவிட்டது. கண்ணைக் கூச வைக்கும் விளக்குகள், ஏர் ஹாரன், சத்தம் எழுப்பும் சைலன்சர் ஆகியவையும் கூடாது. சீட் பெல்ட் அலாரத்தை நிறுத்தும் கிளிப் சில நூறு ரூபாய்ப் பொருள்தான். ஆனால், அதை விற்றதற்காக மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023-இல் ஐந்து இணைய விற்பனைத் தளங்களுக்கு எதிராக உத்தரவு பிறப்பித்தது. உயிரைக் காக்கும் ஓர் ஏற்பாட்டைச் செயலிழக்கச் செய்யும் எந்தப் பொருளும் உங்கள் அலமாரியில் இருக்கக்கூடாது.

இனி பொறுப்பு குறித்து. 2019 திருத்தத்தில் சேர்க்கப்பட்ட 182-ஏ பிரிவின்படி, அனுமதிக்கப்படாத மாற்றத்தைச் செய்யும் உரிமையாளருக்கு ஆறு மாதம் வரை சிறை, அல்லது ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும் விதிக்கலாம். ஆனால், வண்டியின் அமைப்பு, கருவிகள் தொடர்பான ஏழாம் அத்தியாயத்தையோ அதன்கீழ் வரும் விதிகளையோ மீறும் வகையில் வண்டியை மாற்றும் 'டீலருக்கு' ஓராண்டு வரை சிறை, அல்லது வண்டி ஒன்றுக்கு ஒரு லட்சம் ரூபாய் அபராதம், அல்லது இரண்டும் உண்டு. வாகனங்களைப் பழுதுபார்க்கும் தொழிலில் ஈடுபடுபவரும் இச்சட்டத்தின் வரையறைப்படி 'டீலர்' என்பதில் அடங்குவார். அலங்கார வேலை மட்டுமே செய்பவர் அதில் வரமாட்டார் என்று வாதிட இடமுண்டு என்றாலும், அந்த வாதத்தை நம்பி முதலீடு செய்யாதீர்கள்.

எழுதி வாங்குவது குறித்து நீங்கள் கேட்டதற்கு நேரான பதில், அது போதாது என்பதே. அந்த மாற்றம் சட்டத்தை எவ்விதத்தில் மீறுகிறது என்பதை முன்கூட்டியே மறுதரப்புக்கு, அதாவது வாடிக்கையாளருக்கு, தெரிவித்ததாக நிரூபித்தால் டீலரைத் தண்டிக்க முடியாது என்ற விலக்கு 182-ஏ பிரிவில் இருப்பது உண்மைதான். பொதுப்படையாக "என் பொறுப்பு" என்று எழுதிய தாள் அந்த விலக்கைப் பெற்றுத்தராது. எந்த விதி மீறப்படுகிறது என்று குறிப்பிட்டே எழுதி வாங்கினாலோ, சட்டமீறல் என்று தெரிந்தே நீங்கள் அந்த வேலையைச் செய்தீர்கள் என்பதற்கு அதுவே சாட்சியாகி, குற்றத்துக்கு உடந்தை என்ற குற்றச்சாட்டுக்கும் நுகர்வோர் வழக்குக்கும் வழிவிடும். சட்டம் தடை செய்த நோக்கத்துக்கான உடன்பாடு, 1872-ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 23-ஆம் பிரிவின்படி செல்லாது. பழுதான வேலையால் விபத்து நேர்ந்து ஒருவர் காயமடைந்தால், 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் பொருளை விற்றவர், சேவை வழங்கியவர் ஆகியோர்மீதும் இழப்பீடு கோரலாம்.

அந்தத் தாளுக்குப் பதிலாக ஒவ்வொரு வண்டிக்கும் ஒரு ஜாப் கார்டு வையுங்கள். ஆர்.சி. நகல், பொருத்திய பொருளின் பெயரும் தயாரிப்பு எண்ணும், வேலைக்கு முன்னும் பின்னும் எடுத்த படங்கள், ஜி.எஸ்.டி. பில் ஆகியவை அதில் இருக்கட்டும். பொருத்திய பொருள்களைக் காப்பீட்டு நிறுவனத்துக்குத் தெரிவித்து, கூடுதல் பிரீமியம் கட்டிப் பாலிசியில் சேர்த்துக்கொள்ளுமாறு வாடிக்கையாளரிடம் எழுத்தில் சொல்லுங்கள். இல்லையெனில் விபத்தின்போது அவற்றுக்கான தொகை கிடைக்காது. பொருள் விற்பனையுடன் பொருத்தும் கூலியும் வாங்குவதால், ஆண்டு வரவு 20 லட்சம் ரூபாயைத் தாண்டினாலே ஜி.எஸ்.டி. பதிவு கட்டாயம்; பொருள் மட்டும் விற்பவருக்குரிய 40 லட்சம் வரம்பு உங்களுக்குப் பொருந்தாது.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்ல விரும்புகிறேன். மாற்றுத்திறனாளிகள் கையாலேயே பிரேக்கையும் ஆக்ஸிலரேட்டரையும் இயக்கும்படி காரை மாற்றிக்கொள்ள 52-ஆம் பிரிவே வழிசெய்கிறது. இவ்வேலையைச் சரிவரக் கற்றுச் செய்பவர்கள் நம் ஊர்களில் இன்னும் போதாது. தரமான கருவியைக் கொண்டு, உரிமையாளர் ஆர்.டி.ஓ. அனுமதி பெற்ற பிறகே வேலையைத் தொடங்கி, முடிந்ததும் ஆர்.சி.யில் பதிவான விவரத்தின் நகலை உங்கள் ஜாப் கார்டுடன் இணைத்து வையுங்கள்.