கத்துகிறவன் காத்திருப்பான்

வாசகர் கேள்வி – பதில்

பள்ளி அணிகளுக்கு முதலுதவிப் போட்டி நடத்துவது குறித்து வந்த கடிதங்களுக்கு, ஜே.ஆர்.சி. (பள்ளிகளில் இயங்கும் இளஞ்செஞ்சிலுவைச் சங்கம்) பொறுப்பாசிரியராகவும் போட்டி நடுவராகவும் இருந்து ஓய்வுபெற்ற உடற்கல்வி ஆசிரியர் ஒருவர் பதில் சொல்கிறார்.

எங்கள் பகுதிப் பள்ளிகளின் ஜே.ஆர்.சி. அணிகளுக்கு முதலுதவிப் போட்டி நடத்தும் வேலை என் தலையில் விழுந்திருக்கிறது. இதுவரை கட்டுப் போடும் போட்டியும் வினாடி வினாவும்தான் நடந்திருக்கின்றன. வேறு மாதிரி செய்ய ஆசை. எங்கிருந்து தொடங்குவது?
– அரசுப் பள்ளி ஆசிரியை, பெரம்பலூர்

கட்டுப் போடும் போட்டியை முதலில் தூக்கிவிடுங்கள் டீச்சர். முக்கோணத் துணியை மடித்து, கையைத் தூளியில் தொங்கவிட்டு, முடிச்சைப் போட்டுவிட்டு, "முடிஞ்சுது சார்" என்று விறைப்பாக நிற்பார்கள். கட்டு அத்தனை அழகாக இருக்கும். அதற்குள் இருக்கும் விரல் வெளுத்துப்போயிருக்கும், யாரும் தொட்டுக்கூடப் பார்த்திருக்க மாட்டார்கள். துணிக்கு மார்க் போட்டால் பிள்ளைகள் துணியைத்தான் பார்ப்பார்கள்.

ஒரு விபத்தை ஜோடியுங்கள். மைதானத்து ஓரம் ஒரு பழைய டி.வி.எஸ். எக்ஸெல்லைச் சாய்த்துப் போடுங்கள். எஞ்சின் ஓட வேண்டாம், சாவி மட்டும் போட்டபடி இருக்கட்டும். பக்கத்தில் ஒருவன் முன்கை உடைந்து "ஐயோ, அம்மா" என்று ஊரைக் கூட்டுகிறான். நாலடி தள்ளி வேலியோரம் இன்னொருவன் மல்லாந்து கிடக்கிறான். அவனிடம் சத்தமே இல்லை.

இப்போது நாலு பேர் கொண்ட ஓர் அணியை உள்ளே விடுங்கள். பெரும்பாலும் நாலு பேரும் கத்துகிறவனிடம்தான் போய் உட்காருவார்கள். ஒருத்தி கையோடு சேர்த்துக் கட்ட ஒரு கட்டை தேடுவாள், ஒருத்தன் தண்ணீர் கேட்பான். வேலியோரம் கிடப்பவனுக்கோ மயக்கத்தில் நாக்கு பின்னால் சரிந்து மூச்சுவழியை அடைத்துக்கொண்டிருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். கழுத்தைத் திருகாமல் தாடையை உயர்த்தி வழியைத் திறந்துவிட்டு, மூச்சு வருகிறதா என்று பார்க்க வேண்டும். அதற்கு ஒரு பிள்ளை எத்தனை நொடியில் வந்து சேர்கிறது என்று பாருங்கள். உங்கள் போட்டியே அந்த நொடிக்கணக்குதான். கத்துகிறவனுக்கு மூச்சு இருப்பதால்தான் கத்துகிறான், அவன் கொஞ்சம் காத்திருப்பான். இந்த ஒரு விஷயம் பிள்ளைகளுக்குப் பதிந்துவிட்டால் மற்றதெல்லாம் பின்னால் வரும்.

சாவியைத் திருப்பி வண்டியை அணைத்தது யார் என்று பாருங்கள், அதற்கும் மார்க் உண்டு. 108-க்கு நிஜமாகப் போன் போட விடாதீர்கள். ஓர் ஆசிரியரைப் போனோடு ஓரமாக உட்கார வைத்து, அவரையே 108 ஆக்கிவிடுங்கள். "எந்த இடம்மா?" என்று அவர் கேட்டால், "ஸ்கூல் கிட்ட சார்" என்று பதில் வரும். எந்த ஸ்கூல், எந்த ரோடு, அடையாளம் என்ன, எத்தனை பேருக்கு அடி, மூச்சு இருக்கிறதா? இத்தனையும் சொல்லி முடிக்கும் பிள்ளைக்கு நான் தாராளமாகவே மார்க் போடுவேன்.

ரத்தத்துக்கு ரோஸ்மில்க் எசன்ஸில் சோளமாவு கரைத்து, ஒரு சிட்டிகை கோக்கோ பவுடர் சேர்த்தால் நிறம் அச்சு அசலாக வரும். குங்குமம் வேண்டாம், கண்ணில் பட்டால் எரியும். வேர்வைக்கு, இஸ்திரி போடுகிறவர் வைத்திருக்கும் ஸ்பிரே பாட்டில் போதும். நடிக்கிறவர்களைப் பழைய சட்டை போட்டு வரச் சொல்லுங்கள். வெள்ளைச் சீருடையில் அந்தக் கறையோடு வீட்டுக்கு அனுப்பினால் அம்மாக்கள் உங்களைத்தான் தேடி வருவார்கள்.

அடிபட்டவராக நடிக்க யாரைப் போடுவது? அவர்களையும் மார்க் போடச் சொல்லலாமா?
– என்.எஸ்.எஸ். மாணவர், காரைக்குடி

உங்களை மாதிரி ஆட்களைத்தான் போட வேண்டும் தம்பி. போட்டியிடும் பள்ளிப் பிள்ளைகள் கூடாது. தன் பள்ளி அணி வந்தால் கண்ணைக் காட்டிவிடுவார்கள்.

ஒவ்வொருவருக்கும் ஒரு சீட்டு எழுதிக் கொடுங்கள். "நீ சர்க்கரை நோயாளி. காலையில் ஊசி போட்டாய், சாப்பிடவில்லை. வேர்க்கிறது, குழப்பமாக இருக்கிறது. கேட்டால் மட்டும் சொல்." அந்தக் 'கேட்டால் மட்டும்' முக்கியம். கேட்கிற பிள்ளை, ரத்தத்தில் சர்க்கரை இறங்கிவிட்டது என்று புரிந்து, நினைவு இருக்கும்போதே சர்க்கரையோ குளுக்கோஸோ கொடுத்துவிடும். கேட்காத பிள்ளை விசிறிக்கொண்டே நிற்கும்.

நோயாளிக்கும் மார்க் போடும் உரிமை கட்டாயம் கொடுக்க வேண்டும். நூற்றுக்குப் பத்து என்பது என் கணக்கு. பேரைக் கேட்டார்களா, என்ன செய்யப்போகிறோம் என்று சொல்லிவிட்டுத் தொட்டார்களா, உடைந்த கையை வலிக்க வலிக்கத் தூக்கினார்களா என்பதெல்லாம் படுத்திருப்பவருக்குத்தான் தெரியும். டாக்டர் நடுவராக நின்றாலும் அது அவர் கண்ணில் படாது.

இதில் மட்டும் கறாராக இருங்கள்: நடிக்கிறவர் நெஞ்சை யாரும் அமுக்கக் கூடாது. தொண்டையில் எதோ அடைத்ததுபோல் நடிப்பவரின் வயிற்றைக் குத்தித் தள்ளவும் கூடாது. அந்தக் கட்டம் வந்ததும் நடுவர், முதலுதவிப் பயிற்சிக்கென்றே இருக்கும் பொம்மையை நகர்த்தி வைக்க வேண்டும். நிமிஷத்துக்கு 100 முதல் 120 அமுக்கு, 5 சென்டிமீட்டருக்குக் குறையாத ஆழம், 30 அமுக்குக்கு 2 மூச்சு என்பதெல்லாம் பொம்மையில்தான். மாவட்டச் செஞ்சிலுவைச் சங்கக் கிளையிலோ பக்கத்து நர்சிங் கல்லூரியிலோ முன்கூட்டிக் கடிதம் கொடுத்து பொம்மையைக் கேட்டுப் பாருங்கள்.

இன்னொன்று, நடிக்கிறவருக்கு உண்மையாகவே முடியாமல் போனால் சொல்ல ஒரு வார்த்தை வேண்டும். "விசில், விசில்" என்று கத்தினால் போட்டி அந்த நிமிஷமே நிற்க வேண்டும். பதினொரு மணி வெயிலில் சிமென்ட் தரையில் மல்லாந்து படுக்க வைத்தால் நடிப்பு நிஜமாகிவிடும். காலையிலேயே முடித்துவிடுங்கள், அல்லது வேப்பமரத்தடியைப் பிடியுங்கள்.

பாம்புக்கடிக் கட்டத்தில் எங்கள் அணி காலை அசைக்காமல் வைத்துக் கட்டை கட்டியது. கடிவாய்க்கு மேலே இறுக்கிக் கட்டவில்லை என்று நடுவர் மார்க்கைக் குறைத்துவிட்டார். நாங்கள் செய்தது தவறா?
– என்.சி.சி. மாணவி, தென்காசி

நீங்கள் செய்ததுதான் சரிம்மா. இறுக்கிக் கட்டினால் ரத்த ஓட்டம் நின்று காலே கெட்டுப்போகலாம். கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் கடியில் கடிபட்ட இடமே வீங்கும், அங்கே கயிறும் இறுகினால் கேட்கவே வேண்டாம். கீறுவதும் உறிஞ்சுவதும் அறவே கூடாது. கடிபட்டவரை நடக்க விடாமல், மோதிரம் கொலுசைக் கழற்றி, அந்த உறுப்பை அசையாமல் வைத்து, கடித்த நேரத்தைக் குறித்துக்கொண்டு, விஷமுறிவு மருந்து இருக்கும் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும். பாம்பைத் தேடி அலைவதும் வேண்டாம்.

அந்த நடுவர் பழைய புத்தகத்தைப் படித்தவராக இருக்கும், கெட்ட எண்ணமாக இருக்காது. வலிப்பு வந்தவர் கையில் சாவிக்கொத்தைத் திணிப்பது, தீப்புண்ணில் பற்பசை பூசுவது எல்லாம் இன்னும் பெரியவர்கள் மத்தியிலேயே உயிரோடு இருக்கின்றன. குறை போட்டி நடத்தியவர்கள் மேல்தான். எந்தப் புத்தகம், எந்தப் பதிப்பு என்று ஒரு மாதம் முன்பே எல்லாப் பள்ளிக்கும் எழுதி அனுப்ப வேண்டும். நடுவர்களைப் போட்டி நாள் காலையில் அரை மணி நேரம் உட்கார வைத்து, மார்க் தாளை வரி வரியாகப் படிக்க வேண்டும். தீப்புண்ணுக்கு ஓடும் தண்ணீரில் 20 நிமிஷம் என்று தாளில் இருந்தால், 'என் காலத்தில்...' என்று ஆரம்பிக்கும் நடுவரை அங்கேயே நிறுத்திவிடலாம். ஆட்சேபம் வந்தால் முடிவு சொல்ல ஒரே ஒரு டாக்டரை வையுங்கள், கமிட்டி போடாதீர்கள்.

முதலில் வந்த அணி வெளியே போய்க் கேள்வியைச் சொல்லிவிடுகிறது. என்ன செய்வது?
– பொறுப்பாசிரியர், ஓசூர்

காத்திருப்பவர்களை ஒரு வகுப்பறையில் உட்கார வையுங்கள். முடித்தவர்கள் வேறு வாசல் வழியாக வேறு அறைக்குப் போகட்டும். போன்களை ஒரு கூடையில் போட்டுவிடுங்கள், கூட வந்த ஆசிரியர்களின் போனையும் சேர்த்து. அவர்கள்தான் முக்கியமான ஆட்கள்!

பெண் பிள்ளைகளும் ஆண் பிள்ளைகளும் கலந்த அணி. தொட்டுச் சிகிச்சை செய்வதைப் பற்றிச் சில பெற்றோர் முகம் சுளிக்கிறார்கள்.
– தலைமையாசிரியர், வாணியம்பாடி

நெஞ்சு அமுக்குவதெல்லாம் பொம்மையில்தான் என்று சொன்னாலே பாதிக் கவலை தீர்ந்துவிடும். நடிக்கிறவர்களிடம் எங்கெங்கே தொடுவார்கள் என்று முன்பே சொல்லிச் சம்மதம் வாங்குங்கள். ஒரு பெண் நடுவர் பக்கத்திலேயே இருக்கட்டும். "கையைப் பார்க்கலாமா அக்கா?" என்று கேட்டுவிட்டுத் தொடும் பிள்ளைக்கு மார்க் தாளில் ஒரு வரி ஒதுக்குங்கள். பெற்றோரையும் கூப்பிட்டு வேடிக்கை பார்க்கச் சொல்லலாம்.

போட்டியில் படித்ததை என் மகன் ரோட்டில் செய்யப்போய், போலீஸ், கோர்ட் என்று அலைய வேண்டிவருமா?
– ஒரு தாய், திண்டிவனம்

வராதும்மா. உதவி செய்தவரைத் தொந்தரவு செய்யக் கூடாது என்பதற்கான நெறிமுறைகளை உச்ச நீதிமன்றம் 2016-லேயே உறுதிப்படுத்திவிட்டது. 2019-ல் மோட்டார் வாகனச் சட்டத்தில் 134ஏ என்ற பிரிவையும் சேர்த்தார்கள். நல்லெண்ணத்தோடு உதவியவர் மேல் சிவில் வழக்கும் வராது, கிரிமினல் வழக்கும் வராது. பேரைச் சொல் என்று கட்டாயப்படுத்தவும் முடியாது. நான் கவலைப்படுவது வேறு விஷயத்துக்கு: ஓடுகிற வண்டிகளுக்கு நடுவே பையன் குதித்துவிடக் கூடாது. முதலில் ரோட்டோரம் நின்று பெரியவர் ஒருவரைக் கூப்பிட்டு வண்டிகளை நிறுத்தச் சொல்லட்டும், பிறகு 108-க்குப் பேசட்டும், அதற்கப்புறம் அடிபட்டவர் பக்கத்தில் போகட்டும்.