ஹெலிகோபாக்டர் பைலோரி கிருமி எலியின் இரைப்பைச் செல்களை என்ன செய்கிறது? அதைப் பற்றி எலிகளில் நடந்த ஆய்வுகளை நம்பலாமா?

நம்பலாம். ஆனால் எந்த விலங்கு, எந்த ரகக் கிருமி என்று பார்க்காமல் முடிவை மட்டும் படித்தால் ஏமாந்துவிடுவோம்.

கண்ணாடித் தட்டில் வளர்க்கும் செல்களில் கதை சுலபம். கிருமி செல்லோடு ஒட்டிக்கொண்டு, ஊசி மாதிரியான ஓர் அமைப்பின் வழியாக காக்-ஏ என்ற புரதத்தை உள்ளே ஏற்றுகிறது, செல்லின் சொந்த நொதிகளே அதில் பாஸ்பேட்டை ஒட்டிவிடுகின்றன, அப்புறம் அது எஸ்எச்பி-2 (SHP2) என்ற நொதியைத் தூண்டிவிட, அதுவரை பரந்து கிடந்த செல் இழுத்துவிட்டதுபோல நீண்டு மெலிகிறது.

சுண்டெலிக்குள் போனால் இவ்வளவு நேராக இருக்காது. 1997-இல் வெளிவந்த எஸ்எஸ்1 என்ற ரகம் சுண்டெலி வயிற்றில் நன்றாகக் குடியேறும் என்பதால் பல ஆய்வுகளில் அதைத்தான் பயன்படுத்தினார்கள், ஆனால் அந்த ரகத்தில் ஊசி வேலை செய்வதில்லை! சரி, ஊசி வேலை செய்யும் பிஎம்எஸ்எஸ்1 ரகத்தைக் கொடுத்தால், சில வாரங்களில் அதுவும் பல எலிகளில் அந்த ஊசியின் ஒரு பாகத்துக்கான காக்-ஒய் மரபணுவை மாற்றிக்கொண்டு ஊசியை நிறுத்திவிடுகிறது. கிருமியை எதிர்க்கும் வெள்ளை அணுக்களான டி செல்லும் பி செல்லும் இல்லாத எலிகளில் இந்த மாற்றம் நடப்பதில்லை, அதாவது எலியின் எதிர்ப்பு சக்திதான் கிருமியை அந்தப் பக்கம் தள்ளுகிறது. இந்தச் செல்கள் இல்லாத எலிகளில் கிருமி ஏராளமாக இருந்தும் இரைப்பை அழற்சி பெரிதாக வருவதில்லை. எனக்கு இதுதான் முக்கியமாகப் படுகிறது: அமிலம் சுரக்கும் செல்கள் அழிவதில் கிருமியின் கைவரிசையைவிட, அதை விரட்டப் போன டி செல்களின் பங்கு பெரிது.

அப்படியானால் காக்-ஏ அப்பாவியா என்றால், இல்லை. 2008-இல் ஜப்பானில் கிருமியே இல்லாமல் காக்-ஏ மரபணுவை மட்டும் சுண்டெலிக்குள் வைத்துப் பார்த்தார்கள். அழற்சி தெரியவில்லை, ஆனால் சில எலிகளுக்கு இரைப்பையில் புற்றுநோய் வந்தது, பாஸ்பேட் ஒட்டமுடியாதபடி மாற்றிய காக்-ஏ வைத்த எலிகளுக்கு வரவில்லை.

எலி போன்ற சிறு விலங்கான மங்கோலிய ஜெர்பிலின் கதை வேறு. 1998-இல் வெளியான ஒரு ஜப்பானிய ஆய்வில், புற்றுநோய் உண்டாக்கும் ரசாயனம் எதுவும் கொடுக்காமலேயே, தொற்றிய ஜெர்பில்களில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் 62 வாரத்தில் இரைப்பைப் புற்று வந்தது. சாதாரணச் சுண்டெலிக்குத் தொற்று மட்டும் கொடுத்து அந்த அளவுக்குக் கொண்டுபோவது கஷ்டம். குறை என்னவென்றால், மரபணுவை நீக்கிப் பார்க்க சுண்டெலியில் இருக்கும் வசதி ஜெர்பிலில் இல்லை.

அதனால் அடுத்த முறை ஒரு கட்டுரையைத் திறந்தால் முதலில் செய்முறைப் பகுதிக்குப் போங்கள். ஆய்வகச் சுண்டெலி வகைகளில் சி57பிஎல்/6 எலியா பால்ப்/சி எலியா என்று பாருங்கள், முதலாவதில் அழற்சி கடுமையாகவும் மற்றதில் லேசாகவும் இருக்கும். இன்னொன்று, கடைசியில் இரைப்பையிலிருந்து திரும்ப எடுத்த கிருமியில் ஊசி இன்னும் வேலை செய்ததா என்று சோதித்தார்களா? அதைச் சோதிக்காமல் காக்-ஏ பற்றிப் பக்கம் பக்கமாக எழுதியிருந்தால் நான் கொஞ்சம் சந்தேகத்தோடுதான் படிப்பேன்.