அடுப்படி கேள்வி–பதில்: தேன் இல்லாத தேன் கேக்

இந்த முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே சங்கதியைத்தான் கேட்கின்றன: தேனுக்குப் பதிலாக எதைப் போடலாம்? எல்லாருக்கும் சேர்த்து ஒரே பதிலாக எழுதிவிடலாம் என்றுதான் பேனாவை எடுத்தேன். முடியவில்லை. ஒருவர் தேனை இனிப்புக்காகப் போடுகிறார், ஒருவர் ஒட்டுவதற்காக, ஒருவர் வாசனைக்காக. வேலை எதுவோ, அதற்கேற்ற ஆளைத்தான் தேட வேண்டும்.

கேள்வி: என் மகள் வீகனாக, அதாவது விலங்கிலிருந்து வரும் எதையும் சாப்பிடாதவளாக மாறிவிட்டாள். நான் செய்யும் கேக்கில் பால், முட்டை முன்பே கிடையாது, தேன் மட்டும்தான் இருந்தது. அதை எடுத்துவிட்டு அதே ஒரு கப் அளவுக்கு மேப்பிள் சிரப் (மேப்பிள் மரத்தின் சாற்றைக் காய்ச்சிய பாகு) ஊற்றினேன். மேலே வெளுத்து, நடுவில் பிசுபிசுவென்று ஆகிவிட்டது. என் ஓவனில் சூடு போதவில்லையா?
— பெயர் வேண்டாம் என்ற வாசகி

பதில்: ஓவன்மீது பழி போடாதீர்கள் அம்மா. தண்ணீர் செய்த வேலை அது.

தேனில் தண்ணீர் நூற்றுக்கு 17, 18 பங்குதான். மேப்பிள் சிரப்பில் மூன்றில் ஒரு பங்கு தண்ணீர். ஒரு கப் தேன் ஏறக்குறைய 340 கிராம் எடை நிற்கும். அதில் தண்ணீர் 60 கிராம். ஒரு கப் மேப்பிள் 315 கிராம், அதில் தண்ணீர் 100 கிராமைத் தாண்டும். ஆக, உங்களுக்குத் தெரியாமலே 45 மில்லி, அதாவது மூன்று மேசைக்கரண்டித் தண்ணீர் மாவுக்குள் கூடுதலாகப் போய்விட்டது. அடுத்த முறை மாவில் ஊற்றும் தண்ணீரிலோ தாவரப் பாலிலோ அந்த மூன்று கரண்டியைக் குறைத்துக்கொள்ளுங்கள்.

வெளுத்துப்போனதற்குக் காரணம் வேறு. தேனில் இருக்கும் சர்க்கரையில் பெரும்பகுதி ஃப்ரக்டோஸ், குளுக்கோஸ். இவை சூட்டில் சீக்கிரமே சிவக்கும். ஃப்ரக்டோஸ் 110 டிகிரி செல்சியஸ் வாக்கிலேயே நிறம் மாறத் தொடங்கிவிடும். மேப்பிளில் இருப்பது பெரும்பாலும் சுக்ரோஸ், நாம் காபியில் போடும் அதே சர்க்கரை. அதற்கு 160 டிகிரிக்கு மேல் வேண்டும். நிறம் வரட்டும் என்று ஓவனிலேயே விட்டுவைத்தால் கேக் வறண்டுபோகும். நடுவில் குத்திய குச்சி சுத்தமாக வந்ததும் எடுத்துவிடுங்கள். நிறம் குறைவாக இருந்தால் இருக்கட்டும்.

இன்னொன்றும் பாருங்கள். உங்கள் குறிப்பில் பேக்கிங் சோடா இருக்கிறதா? தேன் புளிப்புத் தன்மை உள்ளது, புளிப்பை அளக்கும் பிஹெச் எண் அதற்குச் சுமார் 4 (எண் குறையக் குறையப் புளிப்பு அதிகம்). அந்தப் புளிப்பு சோடாவோடு சேர்ந்துதான் மாவு உப்பும். மேப்பிளுக்கு அவ்வளவு புளிப்புக் கிடையாது. ஒரு கப்புக்கு இரண்டு தேக்கரண்டி எலுமிச்சைச் சாறு சேருங்கள். இல்லாவிட்டால் கேக் சரியாக எழும்பாது, சோப்பு வாடையும் அடிக்கும்.

இவ்வளவு கணக்குப் பார்க்க நேரமில்லை என்றால் கோல்டன் சிரப் வாங்குங்கள். கரும்புச் சர்க்கரையிலிருந்து வருவது. தண்ணீர் அளவு, கெட்டித்தன்மை, சிவக்கும் குணம் எல்லாவற்றிலும் தேனுக்கு ரொம்ப நெருக்கம். கப்புக்குக் கப் மாற்றலாம். என் அலமாரியில் ஒரே ஒரு பாட்டிலுக்குத்தான் இடம் என்றால் அதைத்தான் வைப்பேன். ஒரு வேடிக்கை: தேனீக்கு வேலையே இல்லாத இந்தப் பாகை விற்கும் லைல்ஸ் நிறுவனத்தின் பழைய தகர டின்னில் பார்த்தால், படுத்திருக்கும் சிங்கத்தைச் சுற்றித் தேனீக்கள் மொய்த்துக்கொண்டிருக்கும்!

மகள் ரொம்பக் கறாரானவள் என்றால் ஒரு விஷயம் சொல்லிவைக்கிறேன். சில நாடுகளில் வெள்ளைச் சர்க்கரையை வெளுக்க எலும்புக் கரியில் வடிகட்டுவது உண்டு. பாக்கெட்டில் வீகன் முத்திரை இருக்கிறதா என்று அவளையே பார்க்கச் சொல்லுங்கள்.

கேள்வி: கடையில் வாங்காமல் வீட்டிலேயே அப்படி ஒரு பாகு காய்ச்ச முடியாதா?
— சிக்கனக்காரர் என்று கையெழுத்திட்டவர்

பதில்: தாராளமாக. அரைக் கிலோ சர்க்கரை, 150 மில்லி தண்ணீர், இரண்டு மேசைக்கரண்டி எலுமிச்சைச் சாறு. அடிகனமான பாத்திரத்தில் மூன்றையும் போட்டு, சர்க்கரை கரையும்வரை கிளறுங்கள். கொதி வந்த பிறகு கரண்டியைத் தொடவே கூடாது. பாத்திரத்தின் ஓரத்தில் சர்க்கரை ஒட்டியிருந்தால் ஈரப் பிரஷ்ஷால் வழித்துவிடுங்கள். ஒரு குருணை உள்ளே விழுந்தாலும் மொத்தமும் பூத்துப்போகும்.

அதற்குப் பிறகு அவசரமே கூடாது. தீ மிகச் சின்னதாக இருக்க வேண்டும், நடுவில் மட்டும் சோம்பலாகக் குமிழி வர வேண்டும். அரை மணி நேரமாவது அப்படியே கிடக்கட்டும். அந்த நேரத்தில்தான் எலுமிச்சையின் புளிப்பு சுக்ரோஸை உடைத்துக் குளுக்கோஸாகவும் ஃப்ரக்டோஸாகவும் பிரிக்கிறது. தேனீ தன் எச்சிலில் உள்ள நொதியைக் கொண்டு செய்வதும் இதே காரியம்தான். நிறம் முதலில் வெளிர் மஞ்சள், பிறகு வைக்கோல் நிறம், பிறகு பொன். வெப்பமானி இருந்தால் 112 டிகிரியில் இறக்குங்கள். இல்லையா, குளிர்ந்த தட்டில் ஒரு சொட்டு விட்டு, ஆறியதும் விரலால் இழுங்கள். கம்பிப் பதத்தில் நின்றால் போதும். சூடாக இருக்கும்போது தண்ணியாகத்தான் தெரியும், அதைப் பார்த்து இன்னும் கொஞ்சம் என்று காய்ச்சினால் ஆறிய பிறகு கரண்டி இறங்காது. அப்படி இறுகிவிட்டால் ஒரு கரண்டி வெந்நீர் விட்டுச் சூடாக்குங்கள், சரியாகிவிடும்.

கேள்வி: அப்பாவுக்குச் சர்க்கரை நோய். அகேவ் என்ற செடியிலிருந்து எடுக்கும் அகேவ் சிரப் இரத்தச் சர்க்கரையை ஏற்றாது என்கிறார்களே, தேனுக்குப் பதில் அதை ஊற்றலாமா?
— ஒரு கல்லூரி மாணவர்

பதில்: தம்பி, தேனும் சர்க்கரைதான், அகேவும் சர்க்கரைதான். அகேவில் ஃப்ரக்டோஸ் மிகுதி, அதனால் இரத்தத்தில் குளுக்கோஸ் உடனே எகிறாது. ஆனால் அந்த ஃப்ரக்டோஸ் பெரும்பாலும் கல்லீரலின் தலையில் விழுகிறது. இது ஒன்றும் மருந்தில்லை. எவ்வளவு எடுக்கலாம் என்பதை அப்பாவின் மருத்துவர் சொல்லட்டும், நான் சொல்ல மாட்டேன்.

சமையலுக்கு மட்டும் ஒரு குறிப்பு. ஃப்ரக்டோஸ் குளிர்ச்சியில் அதிகமாகவும் சூட்டில் குறைவாகவும் இனிக்கும். ஜில்லென்ற பானத்தில் ஒரு கரண்டி அகேவ் திகட்டும். அதே கரண்டியைச் சூடான தேநீரில் விட்டால் போதவில்லை என்று தோன்றும். சூட்டில் ருசி பார்த்து ஊற்றிவிட்டு ஃபிரிட்ஜில் வைக்காதீர்கள். ஓவனில் வைப்பதானால் சூட்டை 10, 15 டிகிரி குறையுங்கள், சீக்கிரம் கருகும்.

கேள்வி: ஓட்ஸ், பாதாம் எல்லாம் சேர்த்துத் தேன் விட்டு பார் செய்வேன். தேனை நிறுத்தி மேப்பிள் விட்டதும் உதிர்ந்து போகிறது.
— இரண்டு பிள்ளைகளின் தாய்

பதில்: அரிசி சிரப்புக்கு மாறுங்கள். அதில் மால்டோஸ் என்ற சர்க்கரை அதிகம், பசை மாதிரிப் பிடிக்கும், ஆறியதும் மொறுமொறுப்பும் கொடுக்கும். இனிப்பு தேனில் பாதிதான் வரும். என்னைக் கேட்டால் அதுவே நல்லது, பாதாம் ருசி அப்போதுதான் நாக்குக்குத் தெரியும். பிள்ளைகள் முகம் சுளித்தால் இரண்டு பேரீச்சம்பழத்தை மசித்துச் சேருங்கள். வீட்டில் யாருக்காவது குளூட்டன் (கோதுமை, பார்லியில் உள்ள புரதம்) ஆகாது என்றால் மட்டும் லேபிளைப் படியுங்கள். சில தயாரிப்புகளில் பார்லி நொதி சேர்ப்பார்கள்.

கேள்வி: எட்டு மாதக் குழந்தைக்குத் தேன் கூடாது என்று தெரியும். பிஸ்கட்டில் வெந்துவிட்டால் பரவாயில்லைதானே?
— புது அம்மா

பதில்: வேண்டாம். ஒரு வயது ஆகும்வரை எந்த வடிவிலும் வேண்டாம். தேனில் இருக்கக்கூடிய கிளாஸ்ட்ரிடியம் போட்டுலினம் என்ற நச்சுக் கிருமியின் வித்துகள் பிஸ்கட்டின் உட்புறம் எட்டும் சூட்டில் சாகாது. அதற்காகத் தேனின் இடத்தில் வேறு சிரப்பும் ஊற்றாதீர்கள். இந்த வயதில் நன்கு பழுத்த வாழைப்பழ மசியலின் இனிப்பே தாராளம்.

கேள்வி: எல்லாவற்றையும் போட்டுப் பார்த்துவிட்டேன். இனிக்கிறது, சிவக்கிறது, ஒட்டுகிறது. தேன் வாசனை மட்டும் வரவே இல்லை.
— ஒரு பேக்கிங் பிரியர்

பதில்: பூவிலிருந்து வரும் வாசனை பாகில் எப்படி வரும்? ஆனால் பக்கத்தில் போகலாம். எதுவும் கலக்காத ஒரு லிட்டர் ஆப்பிள் சாற்றை அகலப் பாத்திரத்தில் ஊற்றி, ஏழில் ஒரு பங்காகச் சுண்டும்வரை காய்ச்சுங்கள். ஆப்பிளிலும் ஃப்ரக்டோஸ்தான் தூக்கல், புளிப்பும் உண்டு. ஆறியபின் தேன் நிறத்தில் தளதளவென்று நிற்கும். முக்கால் பாகம் சுண்டியதும் இரண்டு சீமைச் சாமந்தித் தேநீர்ப் பைகளை, கேமமைல் என்று விற்பதை, அதில் போட்டு ஐந்து நிமிடம் கழித்து எடுத்துவிடுங்கள். கண்ணை மூடிக்கொண்டு சாப்பிடுகிறவர் ஒரு நொடியாவது யோசிப்பார். பைகளை ஐந்து நிமிடத்துக்கு மேல் வைத்தால் கசக்கும்.

இது தேனைப் போல வெளியில் கெடாமல் இருக்காது. பூஞ்சை பிடிக்கும். சுத்தமான பாட்டிலில் ஊற்றி ஃபிரிட்ஜில் வையுங்கள், திறந்த மேப்பிள் பாட்டிலுக்கும் அங்கேதான் இடம்.