ஐந்து திருடர்களும் ஒரு கிழவியும் – கடிதம்

வணக்கம் சார்,

பழைய பிரிட்டிஷ் நகைச்சுவைப் படங்களைப் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு, 1955-இல் வந்த ‘தி லேடிகில்லர்ஸ்’ பார்த்தேன். உள்ளதைச் சொல்லிவிடுகிறேன், முதல் அரை மணி நேரம் கொட்டாவிதான். கோயன் சகோதரர்கள் 2004-இல் எடுத்த ரீமேக்கை விடுதியில் நண்பர்களோடு பார்த்து வயிறு வலிக்கச் சிரித்திருக்கிறேன். அதை நீங்கள் ‘மூலத்தின் கால்தூசிக்குப் பெறாது’ என்று ஒரே வரியில் தள்ளிவிட்டீர்கள். அதில் பேராசிரியராக வரும் டாம் ஹாங்க்ஸ் அவ்வளவு மோசமா? கதை ஒன்றுதானே, ஆட்களும் ஊரும்தானே மாறியிருக்கிறார்கள்? பழைய படம் என்பதாலேயே உங்களுக்கு அது ஒசத்தியாகப் படுகிறதோ என்று ஒரு சந்தேகம். தவறாக நினைக்க வேண்டாம்.

அப்புறம், ஞாயிற்றுக்கிழமை அம்மாவோடு உட்கார்ந்து ஒரு படம் பார்ப்பது எங்கள் வீட்டு வழக்கம். இந்த இரண்டில் எதைப் போடட்டும்?

அன்புடன்,
கா.

அன்புள்ள கா.,

‘கால்தூசி’ என்று எழுதியது தப்புதான். அன்றைக்கு வேறு எதன் மேலோ இருந்த எரிச்சலை அந்தப் படத்தின் தலையில் இறக்கிவிட்டேன் போலிருக்கிறது. வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். இன்னொன்றையும் ஒத்துக்கொள்ள வேண்டும். நானும் முதலில் பார்த்தது 2004 படத்தைத்தான். வெடியில் துண்டான விரலைப் பூனை கவ்விக்கொண்டு ஓடும் இடத்தில் நானும் சிரித்தவன்தான். பழையது எல்லாமே பொன் என்று சொல்கிற கூட்டத்தில் என்னைச் சேர்த்துவிடாதீர்கள்.

‘கதை ஒன்றுதானே’ என்று கேட்கிறீர்கள் இல்லையா, அந்த இடத்தில்தான் நான் மாறுபடுகிறேன்.

பார்க்காதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். லண்டன் கிங்ஸ் கிராஸ் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு முட்டுச்சந்து. அதன் கடைசி வீட்டில் வில்பர்ஃபோர்ஸ் என்ற விதவைக் கிழவி தனியாகக் குடியிருக்கிறார். மாடி அறையை வாடகைக்குக் கேட்டு ஒரு பேராசிரியர் வருகிறார். நண்பர்கள் நால்வரோடு அங்கே சங்கீதப் பயிற்சி செய்யப்போவதாகச் சொல்கிறார். ஐந்து பேரும் கொள்ளைக்காரர்கள். கொள்ளையடித்த பணத்தை நிலையத்திலிருந்து கிளப்பிக்கொண்டு வர அந்தக் கிழவியையே, அவருக்குத் தெரியாமல், பயன்படுத்துவதுதான் திட்டம். திட்டம் பலிக்கிறது. ஆனால் கிழவிக்கு விஷயம் தெரிந்துவிடுகிறது. இனி அவரைக் கொல்ல வேண்டும். அதுதான் அவர்களால் முடியவில்லை.

ஏன் முடியவில்லை என்பதற்கு இரண்டு படங்களும் சொல்லும் காரணம் வேறு வேறு.

மூலத்தில் ஒரு காட்சி. மாடியில் கதவைச் சாத்திக்கொண்டு கிராமபோனில் போக்கெரினி என்ற பழைய இசையமைப்பாளரின் இசைத்தட்டைச் சுழலவிட்டு, ஐவரும் கொள்ளைக்கான திட்டம் போட்டுக்கொண்டிருக்கிறார்கள். கதவு தட்டப்படுகிறது. அவ்வளவுதான், ஆளுக்கொரு வாத்தியத்தை வாரி எடுத்துக்கொண்டு, இசைத்தட்டை நிறுத்தி, முகத்தைச் சரிசெய்துகொண்டு கதவைத் திறக்கிறார்கள். வந்தது யார்? டீ வேண்டுமா என்று கேட்க வந்த கிழவி. வேண்டாம் என்று சொல்லி அனுப்பிவிட்டுத் திரும்ப உட்கார்ந்தால் மறுபடி தட்டல். அந்த ஐவரில் ஒருவன் கூலிக்குக் கொலை செய்கிறவன். ஒரு அதட்டல் போட்டால் தீர்ந்துபோகிற விஷயம். ஆனால் ஒருவனுக்கும் அந்த அதட்டல் வாயில் வரவில்லை. வயதான பெண்மணி வந்து நின்றால் எழுந்து நிற்க வேண்டும், டீ கொடுத்தால் வாங்கிக்கொள்ள வேண்டும். சின்ன வயதில் அடித்து ஊட்டப்பட்ட பழக்கம் அவர்கள் தொழிலையும் மீறி உள்ளே உட்கார்ந்திருக்கிறது. தலையைத் தின்னும் விருந்தாளியிடம் சிரித்துக்கொண்டே ‘இன்னும் கொஞ்சம் காபி’ என்று கேட்டுத் தொலைக்கிற நமக்கு இது புரியாமல் போகாது.

பணம் அகப்பட்டுக்கொள்கிற விதத்தைப் பாருங்கள். எல்லாம் முடிந்து கிளம்புகிற நேரம். முரட்டுக் குத்துச்சண்டைக்காரன் தூக்கிப் போகும் செல்லோப் பெட்டியின் வார் வாசற்கதவில் மாட்டிக்கொள்கிறது. இழுக்கிறான், பெட்டி திறந்து நோட்டுகள் பறக்கின்றன. கிழவி பார்த்துவிடுகிறார். சரி, இனி ரத்தம்தான் என்று நாம் நினைக்கும்போது அவருடைய தோழிக் கிழவிகள் கூட்டமாக டீக்கு வந்து சேர்கிறார்கள். ஐவரும் கோப்பையைப் பிடித்துக்கொண்டு, பள்ளிக்கூடத்தில் மாட்டிக்கொண்ட பையன்கள் மாதிரி, அந்தப் பாட்டிகளுக்கு நடுவில் நிற்கிறார்கள். பேராசிரியராக வரும் அலெக் கின்னஸின் பல்வரிசையை அந்த இடத்தில் நிறுத்திப் பாருங்கள். பெரிய பொய்ப்பல் வைத்திருப்பார். அது முழுதும் தெரியச் சிரித்துக்கொண்டிருப்பார், கண் மட்டும் செத்துப்போயிருக்கும்.

அப்புறம் பேச்சுவார்த்தை. திருடிய பணம் இன்சூரன்ஸ் செய்யப்பட்டது, திருப்பிக் கொடுத்தாலும் யாருக்கும் வேண்டாம், ஒவ்வொரு பாலிசிக்கும் ஒரு ஃபார்த்திங் கூடும், அவ்வளவுதான் என்று கணக்குச் சொல்கிறார் பேராசிரியர். ஃபார்த்திங் என்றால் கால் பென்னி. கிழவி மசியவில்லை. கடைசியில் யார் கொல்வது என்று தீக்குச்சி போட்டுப் பார்க்கிறார்கள். முதலில் மாட்டியவர் ஐவரில் ஒருவரான மேஜர், கொல்லப் போவதாகச் சொல்லிவிட்டுப் பணத்தோடு கூரை வழியாக ஓடப் பார்த்து விழுந்து சாகிறார். அடுத்தவனும் ஓடத்தான் பார்க்கிறான். அவன் கிழவியைத் தீர்த்துவிட்டான் என்று தப்பாக நினைத்து, அவர் மேல் பாசம் வைத்துவிட்ட குத்துச்சண்டைக்காரன் அவனை அடித்துக் கொல்கிறான். கடைசியில் ஐந்து பேரும் பின்பக்கத்து ரயில் பாதையில் போகும் சரக்கு வண்டிகளில் விழுந்து போய்விடுகிறார்கள். இத்தனையும் நடக்கும்போது கிழவி நாற்காலியில் தூங்கிக்கொண்டிருக்கிறார். அவர் மேல் ஒரு கைகூடப் படவில்லை.

இப்போது 2004-க்கு வருவோம். இடம் மிசிசிப்பி. ஆற்றில் மிதக்கும் சூதாட்ட விடுதியின் பணத்தைக் கிழவி வீட்டு நிலவறையிலிருந்து சுரங்கம் தோண்டி எடுக்கிறார்கள். ரயில் வண்டிக்குப் பதிலாகப் பாலத்துக்குக் கீழே போகும் குப்பைப் படகு. நல்ல மாற்றங்கள்தான், நான் குறை சொல்லமாட்டேன். தேவாலயப் பாடல்கள் பிரமாதம். இர்மா பி. ஹால் நடித்த கிழவி மார்வா மன்சன் இன்னும் பிரமாதம், கான் திரைப்பட விழாவில் நடுவர் குழுப் பரிசே கிடைத்தது. ஆனால் இந்த அம்மாளைக் கண்டு யார் பயப்படமாட்டார்கள்? கெட்ட வார்த்தை பேசினால் கன்னத்தில் அறைகிறார். பக்கத்தில் கடவுள் இருக்கிறார், சுவரில் முகபாவம் மாறுகிற கணவர் படம் இருக்கிறது. கேட்டி ஜான்சனின் வில்பர்ஃபோர்ஸ் ஊதினால் பறந்துவிடுவார். அந்தப் பாத்திரத்துக்கு அவரே ரொம்பத் தளர்ந்திருக்கிறார் என்று முதலில் வேறொருவரைப் போட்டார்கள், அந்த நடிகை படப்பிடிப்புக்கு முன் இறந்துபோனதால் இவருக்கு வந்தது என்று சொல்வார்கள். படம் எடுக்கும்போது அவருக்கு 76 வயது. குண்டு விழுந்து அடித்தளம் இறங்கிய வீடு, சுவரில் எந்தப் படமும் நேராகத் தொங்காது, குழாயைச் சுத்தியலால் தட்டினால்தான் தண்ணீர் வரும். அவ்வளவு ஆடிப்போன ஒன்றை ஐந்து தடியன்களால் அசைக்க முடியவில்லை என்பதில்தான் சிரிப்பே இருக்கிறது.

கோயன்களின் திருடர்கள் எப்படிச் சாகிறார்கள் என்று ஞாபகம் இருக்கிறதா? ஒருவன் கடிகாரத்துக் குயில் சத்தத்தில் திடுக்கிட்டு, வாயில் இருந்த சிகரெட்டை விழுங்கி, படியில் உருள்கிறான். ஒருவன் துப்பாக்கி ஏன் வெடிக்கவில்லை என்று குழாய்க்குள் எட்டிப் பார்க்கிறான். டாம் ஹாங்க்ஸ் தலையில் சிலையின் தலை விழுகிறது. சிரிப்பு வருகிறது, மறுக்கவில்லை. ஆனால் இவை விபத்துகள். மூலத்தில் ஒருவன்கூட, அந்தச் சிக்னல் கம்பம் தலையில் இறங்கிச் சாகும் பேராசிரியரைத் தவிர, வெறும் விபத்தில் சாகவில்லை. கூச்சத்தில் சாகிறார்கள், கொல்ல மனசில்லாமல் ஒருவரை ஒருவர் ஏமாற்றப் போய்ச் சாகிறார்கள். டாம் ஹாங்க்ஸ் மோசமா என்று கேட்டீர்கள். இல்லை. அவருக்குக் கூச்சப்பட ஒன்றும் கொடுக்கப்படவில்லை, அதனால் பேசிக்கொண்டே இருக்கிறார்.

கதையை அப்படியே எடுத்துக்கொண்டு போகலாம். எதைச் செய்ய அந்த ஊர்க்காரன் வெட்கப்படுவான், எதற்கு அந்த வருடத்து ஆள் பயப்படுவான் என்பதை எடுத்துக்கொண்டு போவது கஷ்டம். பிரிட்டிஷ் நகைச்சுவையின் ரீமேக்குகள் பெரும்பாலும் அங்கேதான் வழுக்குகின்றன. ‘ஆல்ஃபி’யை எடுத்துக்கொள்ளுங்கள். 1966-இல் மைக்கேல் கெய்ன் கேமராவைப் பார்த்துக் கண்ணடித்துக்கொண்டே பெண்களை ஏமாற்றுவார். நாமும் சிரிப்போம். பிறகு அவர் வீட்டில் ஒரு பெண்ணுக்குத் திருட்டுத்தனமாகக் கருக்கலைப்பு நடக்கும். அப்போது இங்கிலாந்தில் அது சட்ட விரோதம், சட்டம் வந்ததே 1967-இல்தான். அதுவரை சிரித்த சிரிப்பெல்லாம் அந்த அறையில் தொண்டையில் நிற்கும். 2004-இல் அதே கதையை நியூயார்க்கில் வைத்தார்கள். ஜூட் லா அழகாக இருக்கிறார், உடை இன்னும் அழகாக இருக்கிறது.

நகல் எவ்வளவு நெருக்கமாக இருந்தாலும் இதே சங்கடம்தான். ‘டெத் அட் எ ஃப்யூனரல்’ 2007-இல் இங்கிலாந்தில் வந்தது. மூன்றே வருடத்தில் அமெரிக்க ரீமேக். எழுதியவர் அதே டீன் கிரெய்க், பணம் பறிக்க வரும் குள்ள மனிதராக இரண்டிலும் அதே பீட்டர் டிங்க்ளேஜ். முதல் படத்தில் வாயைத் திறந்து பேசத் தெரியாத குடும்பம். அப்பாவின் சாவுக்கு வந்தவர்கள் ஒருவருக்கொருவர் மன்னிப்புக் கேட்டுக்கொண்டே நடக்கிறார்கள். அப்படிப்பட்ட வீட்டில் ஒரு மாப்பிள்ளை மாத்திரை மாறிப்போய் அம்மணமாகக் கூரை மேல் ஏறினால் அது பூகம்பம். இரண்டாவதில் கிறிஸ் ராக், மார்ட்டின் லாரன்ஸ், டிரேசி மார்கன். முதல் நிமிஷத்திலிருந்தே கச்சேரிதான். அந்த வீட்டில் ஒருவன் கூரை மேல் ஏறினால் சத்தம் கொஞ்சம் கூடுகிறது, அவ்வளவுதான்.

‘அமெரிக்காவுக்குக் கொண்டுபோனதுதான் குற்றம்’ என்கிறீர்களா என்று அடுத்த கடிதத்தில் கேட்பீர்கள். அப்படியும் இல்லை. ‘விஸ்கி கலோர்’ இருக்கிறதே. லேடிகில்லர்ஸை எடுத்த அதே அலெக்ஸாண்டர் மெக்கெண்ட்ரிக்கின் முதல் படம், 1949. போர்க்காலத்தில் விஸ்கி தீர்ந்துபோன ஸ்காட்லாந்துத் தீவுக்குப் பக்கத்தில் விஸ்கி ஏற்றிய கப்பல் தட்டி நிற்கிறது. 1941-இல் நிஜமாகவே எரிஸ்கே தீவருகே நடந்த சம்பவம்தான் அதற்கு விதை. 2016-இல் ஸ்காட்லாந்திலேயே, அதே காலத்தில் வைத்து ரீமேக் செய்தார்கள். ஊர் மாறவில்லை, பேச்சு மாறவில்லை. ஆனால் 1949-இல் கொட்டகையில் உட்கார்ந்திருந்தவர்கள் நிஜமாகவே தாகத்தோடு இருந்தவர்கள். நாட்டில் ரேஷன் 1954 வரை இருந்தது, நல்ல விஸ்கி டாலருக்காகக் கப்பலேறிக்கொண்டிருந்தது. அதிகாரி வருகிறார் என்றதும் ஊரே பாட்டில்களைத் தொட்டிலிலும் கல்லாப் பெட்டியிலும் ஒளிக்கும் காட்சியில் அவர்கள் சிரித்த சிரிப்பு வேறு. 2016-இல் அது நேர்த்தியாகத் துவைத்துத் தேய்த்த பழைய உடை.

‘இத்தாலியன் ஜாப்’ பற்றியும் முன்பு ஒருவர் கேட்டிருந்தார். தங்கம் கொள்ளையடிக்கும் கதை. 2003-இல் வந்த ரீமேக் நல்ல கார்ப் படம். சுரங்க ரயில் காட்சிகளுக்காக மினி கார்களில் மின்மோட்டார் பொருத்தினார்கள் என்பது சுவையான தகவல். ஆனால் 1969-இல் வந்த மூலத்தில் தங்கத்தோடு பஸ் மலை விளிம்பில் பாதி தொங்கி நிற்க, படம் முடிந்தே போகும். அந்தத் தங்கத்தை எப்படி எடுப்பது என்று பல வருடம் கழித்து பிரிட்டனின் ராயல் சொசைட்டி ஆஃப் கெமிஸ்ட்ரி போட்டியே வைத்தது. 2003-இல் யாருக்கும் அந்தத் தலைவலி இல்லை, பங்கு பிரித்துக்கொண்டு போய்விடுகிறார்கள்.

லேடிகில்லர்ஸைச் சரியாகப் பிடித்துக்கொண்ட மறு ஆக்கம் ஒன்று உண்டு. அது சினிமா இல்லை, மேடை நாடகம். கிரஹாம் லினஹன் எழுதி, 2011-இல் லிவர்பூலிலும் பிறகு லண்டனிலும் நடந்தது, பீட்டர் கபால்டி பேராசிரியர். அதில் தோழிக் கிழவிகளுக்கு முன்னால் ஐவரும் நிஜமாகவே வாசித்துக் காட்டியாக வேண்டிய நிலை வருகிறது. ஒருவனுக்கும் வாசிக்கத் தெரியாது. நாராசமாக இழுக்கிறார்கள். கிழவிகளோ அதை நவீன சங்கீதம் என்று நம்பி மரியாதையாக உட்கார்ந்து கேட்கிறார்கள். மூலப் படத்தில் இந்தக் காட்சி இல்லை. ஆனால் மெக்கெண்ட்ரிக் பார்த்திருந்தால் அடடா, விட்டுவிட்டோமே என்றிருப்பார். மேடையிலும் எல்லோரும் மரியாதையிலேயே மாட்டிக்கொள்கிறார்கள், இந்த முறை கேட்கிற பக்கமும் சேர்ந்து.

கொட்டாவி விஷயம். முதல் பகுதி மெதுவாகத்தான் போகிறது, உங்கள் மேல் தப்பில்லை. அம்மாவுக்கு 1955 படத்தையே போடுங்கள். 2004 படத்தில் திருடர்களில் ஒருவனாக வரும் மார்லன் வேயன்ஸ் கெட்ட வார்த்தைக்கு வாயைத் திறந்தால் நீங்கள்தான் ரிமோட்டைத் தேட வேண்டியிருக்கும். பெட்டியோடு டாக்சியில் வரும் கிழவி, பழவண்டிக்காரன் குதிரையை அடிக்கிறான் என்று வண்டியை நிறுத்தி இறங்குவார். பின்னால் காரில் திருடர்கள் வியர்த்துக்கொண்டிருப்பார்கள். அந்த இடத்தில் அம்மா யார் பக்கம் பேசுகிறார் என்று பாருங்கள், எனக்கு எழுதுங்கள். போலீஸ் ஸ்டேஷனில் ஆரம்பத்திலும் முடிவிலும் அந்தக் குடையைக் கவனிக்கச் சொல்லுங்கள்.