கொல்லை மரங்களுக்கு வைத்தியம் பார்க்க யாரைக் கூப்பிடுவது?

கேள்வி: பட்டுக்கோட்டை பக்கம் அம்மா இருந்த வீட்டுக்கு இப்போதுதான் குடிவந்திருக்கிறோம். கொல்லையில் கஜா புயலுக்குத் தப்பிய மூன்று தென்னை, ஒரு மாமரம், ஒரு வேம்பு. ஒரு தென்னையின் தண்டிலிருந்து செம்பழுப்பாகச் சாறு வடிகிறது. மாமரத்தின் பெரிய கிளை ஒன்று மொட்டைமாடி மேல் சாய்ந்து, நுனி மின்கம்பியைத் தொடுகிறாற்போல் இருக்கிறது. வேம்பு மார்கழியிலிருந்து நுனி நுனியாகக் கருகுகிறது. மரம் வெட்டும் ஒருவரிடம் காட்டினேன். "எல்லாம் போய்விட்டது, ஐந்தையும் வெட்டிவிடலாம், கூலி வேண்டாம், மரத்தை எடுத்துக்கொள்கிறேன்" என்கிறார். வெட்ட மனமில்லை. மரத்துக்கு வைத்தியம் பார்க்கத் தெரிந்த ஆள் எங்கே கிடைப்பார்?

பதில்: அம்மா, முதலில் அவரிடம் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். வெட்டிய மரத்தை எடுத்துப்போகப் போகிறவரே மரம் பிழைக்குமா என்றும் சொல்லக் கூடாது. அவரைக் குறை சொல்லவில்லை, வெட்டுவது அவர் தொழில். நோய் பார்ப்பது வேறு வேலை. 2018 நவம்பரில் உங்கள் பக்கம் லட்சக்கணக்கில் தென்னை சாய்ந்தபோது நின்றுவிட்ட மரங்கள் இவை. பார்க்காமல் வெட்டக் கூடாது.

சில நாடுகளில் மரப் பராமரிப்புக்கென்றே தேர்வு எழுதிச் சான்று பெற்றவர்கள் இருக்கிறார்கள். கீழே நின்று நோயைச் சொல்வார்கள், மேலே ஏறிக் கிளையும் கழிப்பார்கள். நம் ஊரில் அப்படி ஒரே ஆள் கிடைப்பது அரிது. நீங்கள் இரண்டு பேரைத் தேட வேண்டும்: என்ன நோய் என்று சொல்பவர் ஒருவர், ஏறி வேலை செய்பவர் இன்னொருவர். இந்த வரிசையை மாற்றாதீர்கள்.

ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்பதற்கு உங்கள் தென்னையே காரணம். செம்பழுப்புச் சாறு வடிய மூன்று காரணங்கள் உண்டு. மேலோட்டமான பார்வைக்கு மூன்றும் ஒன்றுபோல இருக்கும், வைத்தியம் மட்டும் முற்றிலும் வேறு.

ஒன்று, தஞ்சாவூர் வாடல். 1952 புயலுக்குப் பிறகு உங்கள் மாவட்டத்தில் கவனிக்கப்பட்டதால் வந்த பெயர். கானோடெர்மா என்ற பூஞ்சணம் வேரைத் தாக்கும். தூரை ஒட்டிச் சாறு வடியத் தொடங்கி மேலே ஏறும். அடிமட்டைகள் பழுத்துத் தண்டோடு ஒட்டித் தொங்கும். நாளாக நாளாகத் தூரில் காளான் விசிறி போல முளைக்கும். இரண்டு, சிவப்புக் கூன்வண்டு. இதில் தண்டில் ஓட்டை இருக்கும். சாறோடு மென்று துப்பியது போல நார் வெளியே தள்ளும். தண்டில் காதை வைத்துக் கேட்டால் உள்ளே புழு கொறிக்கும் சத்தம்கூடச் சில சமயம் கேட்கும். மூன்று, சாறு வடிதல் நோய். தண்டில் நெடுக்காக வெடிப்பு விட்டு அதிலிருந்து வடியும். ஓட்டையோ நாரோ இருக்காது.

வாடலுக்கு மண்ணில்தான் வேலை: ஆண்டுக்கு மரத்துக்கு 5 கிலோ வேப்பம்பிண்ணாக்கு, தூரைச் சுற்றி ஒரு சதவீத போர்டோ கலவை (மயில்துத்தமும் சுண்ணாம்பும் கரைத்த பூஞ்சண மருந்து) 40 லிட்டர் ஊற்றுவது, இந்த மரத்துக்குப் பாயும் தண்ணீர் மற்ற இரண்டுக்கும் போகாமல் வரப்பு கட்டுவது. சாறு வடிதலுக்குக் கெட்ட பட்டையைச் சுரண்டிவிட்டு போர்டோ பசை தடவ வேண்டும். கூன்வண்டானால் காத்திருக்கவே முடியாது, தாமதித்தால் கொண்டையே முறிந்து விழும். நோயை மாற்றிச் சொன்னால் பணமும் போகும், மரமும் போகும். இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். ஓட்டைக்குள் செல்பாஸ் மாத்திரை வைத்து அடைத்துவிடலாம் என்று யாராவது சொன்னால் விடாதீர்கள். அதிலிருந்து வருவது ஆளைக் கொல்லும் வாயு. வீட்டை ஒட்டிய கொல்லையில் அந்த வேலையே கூடாது.

சரி, நோயைச் சொல்வது யார்? உங்களுக்கு அதிர்ஷ்டம், வேப்பங்குளம் தென்னை ஆராய்ச்சி நிலையம் உங்கள் பக்கத்திலேயே இருக்கிறது. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் நிலையம் அது. கைப்பேசியில் நான்கு படம் எடுத்துக்கொண்டு நேரில் போங்கள்: தூர், சாறு வடியும் இடம் கிட்டத்தில், முழுத் தண்டு, கொண்டை. எப்போது ஆரம்பித்தது, கடைசியாகக் காய் எவ்வளவு வந்தது என்பதையும் எழுதி எடுத்துப் போனால் அவர்களுக்கு வேலை சுலபம். தோப்பு வைத்திருந்தால்தான் போக வேண்டும் என்று தயங்க வேண்டாம், மூன்று மரம் வைத்திருப்பவரும் கேட்கலாம்.

மற்ற ஊர்களில் இருப்பவர்களுக்கும் சேர்த்துச் சொல்கிறேன். வட்டார அலுவலகத்துக்குப் போகும்போது ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள்: தென்னை வேளாண்மைத் துறையில் வரும், மா தோட்டக்கலைத் துறையில் வரும். தெரியாமல் போய் இரண்டு இடத்துக்கும் அலைபவர்கள் நிறைய. மாவட்ட வேளாண் அறிவியல் நிலையத்திலும் பயிர்ப் பாதுகாப்பு வல்லுநரைக் கேட்கலாம். வெளியே போக முடியாதவர்கள் கிசான் கால் சென்டருக்கு 1800-180-1551 என்ற கட்டணமில்லா எண்ணில் காலை 6 மணி முதல் இரவு 10 மணி வரை தமிழிலேயே பேசலாம். ஆனால் சாறு வடிவது போன்ற விஷயத்தைத் தொலைபேசியில் முடித்துக்கொள்ள வேண்டாம், கண்ணால் பார்த்தவர் சொல்ல வேண்டும்.

அப்புறம், ஏறும் ஆள். தென்னை வளர்ச்சி வாரியம் 2011 முதல் 'தென்னை மரங்களின் நண்பர்கள்' என்று ஒரு பயிற்சி நடத்துகிறது. ஏறும் கருவியில் ஏறுவது, கொண்டையைச் சுத்தம் செய்வது, வண்டுத் தாக்குதலை அடையாளம் காண்பது எல்லாம் அதில் சொல்லித்தருவார்கள். அப்படிப் பயிற்சி எடுத்தவர் உங்கள் வட்டாரத்தில் யார் என்று வேளாண் அலுவலகத்திலும், தோப்பு வைத்திருப்பவர்களிடமும் விசாரியுங்கள். பரம்பரையாக ஏறுபவர் கிடைத்தாலும் நல்லதே, அவர்களில் பலருக்குக் கொண்டை அத்துப்படி. யாராக இருந்தாலும் மூன்று விஷயத்தை முதலிலேயே பேசிக்கொள்ளுங்கள். தண்டில் படி வெட்டக் கூடாது. வெட்டிய காயத்தின் வாசத்துக்குத்தான் கூன்வண்டு வரும். பச்சை மட்டையை வெட்டக் கூடாது. வெட்டியே ஆக வேண்டுமென்றால் தண்டிலிருந்து நாலடி விட்டு வெட்ட வேண்டும். கொண்டையைச் சுத்தம் செய்தபின் மேலிருந்து மூன்று மட்டை இடுக்குகளில் ஒரு பங்கு வேப்பங்கொட்டைத் தூளும் இரண்டு பங்கு மணலும் கலந்து போட வேண்டும். மரத்துக்கு 150 கிராம் போதும். காண்டாமிருக வண்டு வராமல் இருக்க இது. அது குடைந்த இடத்தில்தான் பின்னாலேயே கூன்வண்டு முட்டை வைக்கிறது. ஏறுபவருக்கு விபத்துக் காப்பீடு இருக்கிறதா என்றும் கேளுங்கள். வாரியமே கேர சுரக்ஷா என்ற திட்டம் வைத்திருக்கிறது. நம் வீட்டு மரத்தில் உயிரைப் பணயம் வைத்து ஏறுகிறவர். கேட்பது நம் கடமை.

மாமரத்துக்கு வருவோம். கம்பியைத் தொடும் கிளையில் யாரும் கை வைக்கக் கூடாது, காய்ந்த குச்சி கொண்டுகூடத் தள்ளக் கூடாது. மின்வாரியப் பிரிவு அலுவலகத்தில் எழுதிக் கொடுங்கள், அல்லது வாரியத்தின் புகார் மையமான மின்னகத்துக்கு 94987 94987 என்ற எண்ணில் சொல்லுங்கள். அவர்கள் மின்சாரத்தை நிறுத்தியபின்தான் கிளை வெட்ட வேண்டும். இதை மட்டும் நாளைக்கே செய்யுங்கள். மாடி மேல் சாய்ந்திருக்கும் மீதிப் பகுதி, விரிசலோ பொந்தோ இல்லாவிட்டால், பொறுத்துக்கொள்ளும். இப்போது தை, மரம் பூவில் இருக்கும். காய்ப்பு முடிந்து ஆடி, ஆவணியில் கவாத்து செய்தால் மரத்துக்கும் நல்லது, உங்களுக்கும் இந்த வருஷத்து மாங்காய் மிஞ்சும்.

கிளை கழிக்க வருபவரைச் சோதிக்க ஒரே கேள்வி போதும்: "இதை எப்படி வெட்டுவீர்கள்?" தெரிந்தவர் அடிமரத்திலிருந்து ஓரடி தள்ளிக் கீழ்ப்பக்கம் மூன்றில் ஒரு பங்கு அறுப்பேன், அப்புறம் இன்னும் கொஞ்சம் தள்ளி மேலிருந்து அறுத்துக் கயிற்றில் இறக்குவேன், கடைசியில் மிச்சக் கட்டையை எடுப்பேன் என்பார். ஒரே வெட்டாக மேலிருந்து வெட்டினால் கிளை விழும்போது அடிமரப் பட்டையைக் கிழித்துக்கொண்டு போகும். கிளை அடிமரத்தோடு சேரும் இடத்தில் சற்றே தடித்த வளையம் இருக்கும், அதை விட்டுவைத்து வெட்டினால்தான் காயம் மூடும். பெரிய காயத்தில் போர்டோ பசை தடவச் சொல்லுங்கள். 100 கிராம் மயில்துத்தத்தையும் 100 கிராம் சுண்ணாம்பையும் தனித்தனியே அரை லிட்டர் தண்ணீரில் கரைத்து, பிளாஸ்டிக் வாளியில் கலந்தால் போதும். இரும்புப் பாத்திரம் ஆகாது. 'மொத்தமாக மொட்டை அடித்துவிட்டால் நன்றாகத் தழையும்' என்பவரை அனுப்பிவிடுங்கள். தழையும் உண்மைதான், ஆனால் அந்தப் போத்துகள் பிடிப்பில்லாமல் அடுத்த காற்றில் முறியும். ஒரு தடவைக்கு இலைப்பரப்பில் கால்பங்குக்கு மேல் எடுக்க விடாதீர்கள்.

கூலியையும் வெட்டிய மரத்தையும் தனித்தனியாகப் பேசுங்கள். கூலி முழுசாகக் கொடுத்துவிடுங்கள், மரம் உங்களுடையது என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். அப்போதுதான் வெட்டத் தேவையில்லாத கிளை விழாது.

வேம்புக்கு யாரையும் கூப்பிடவே வேண்டாம். மார்கழி, தையில் பனியோடு நுனிக் கொழுந்துகள் கருகுவது பெரும்பாலும் தேயிலைக் கொசு என்ற பூச்சி சாறு உறிஞ்சுவதாலும், அதைத் தொடர்ந்து பூஞ்சணம் ஏறுவதாலும் வருவது. மரமே தீப்பட்டது போல் தெரியும், பலர் பயந்து வெட்டிவிடுகிறார்கள். வெயில் ஏறியதும் துளிர்த்துவிடும். வீட்டை ஒட்டி அவ்வளவு உயரத்துக்கு மருந்து அடிக்கவும் வேண்டாம். சித்திரை வரை பாருங்கள். அதற்குள் துளிர்க்காத கிளைகளை மட்டும், மாமரக் கவாத்துக்கு வரும் ஆளையே வைத்து ஆடியில் எடுத்துவிடலாம்.